காலி வீடா, ஆள் புழங்கும் வீடா: விற்பதற்கு எது தோது?

அப்பாவின் வீட்டை விற்பதென்று முடிவானதும் நாங்கள் செய்த முதல் வேலை, சாமான்களையெல்லாம் அப்புறப்படுத்தியதுதான். காலியாக இருந்தால் வீடு பெரிதாகத் தெரியும், யார் எப்போது வந்தாலும் காட்டலாம் என்று நம்பினோம். ஐந்து மாதம் ஒன்றும் படியவில்லை. பாதிச் சாமான்களைத் திரும்பக் கொண்டுவந்து போட்டு, தங்கையும் அவள் கணவரும் அங்கே குடிவந்த பிறகே வீடு விலைபோனது. இரண்டு விதமாகவும் வைத்துப் பார்த்துவிட்டதால் சொல்கிறேன்: முடிந்தால் ஆள் புழங்கும் வீடாகவே விற்றுவிடுங்கள்.

காலி வீட்டின் வசதிகள் எல்லோருக்கும் தெரிந்தவை. வெள்ளையடிப்பது சுலபம், வாங்கியவர் உடனே குடிவரலாம். ஆனால் பெரிதாகத் தெரியும் என்ற கணக்கு எங்களுக்குப் பொய்த்துப்போனது. வெறும் படுக்கையறை வாசலில் நின்றுகொண்டு, "இதில் கட்டிலும் பீரோவும் அடங்குமா?" என்றே பலரும் கேட்டார்கள். கட்டிலைப் போட்ட பிறகு ஒருவரும் அதைக் கேட்கவில்லை. வெற்றுச் சுவரில் ஆணி ஓட்டைகளும் கீறல்களும்தான் முதலில் கண்ணில் படுகின்றன.

இதையெல்லாம்கூடச் சமாளித்துவிடலாம். சமாளிக்க முடியாதது பூட்டிய வீட்டின் பராமரிப்பு. ஒருநாள் ஒரு தம்பதி வந்தார்கள். கூடத்தைப் பார்த்தவரை முகத்தில் மலர்ச்சி இருந்தது. குளியலறைக் கதவைத் திறந்ததும் அந்த அம்மாள் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டார். சாக்கடை நாற்றம். அதன்பிறகு எந்த அறையிலும் அவர்கள் நிற்கவில்லை.

குழாய் உடைந்திருக்குமோ என்று பயந்து பிளம்பரை அழைத்தேன். அவர் டார்ச் அடித்துத் தரை வடிகாலைக் காட்டினார். உள்ளே சொட்டுத் தண்ணீர் இல்லை. வடிகாலிலும் வாஷ்பேசினுக்கு அடியிலுள்ள வளைவிலும் தேங்கி நிற்கும் தண்ணீர்தான் சாக்கடைக் காற்று மேலே வராமல் தடுக்கிறது. பொதுவாக 50 முதல் 75 மில்லிமீட்டர் ஆழம், அவ்வளவுதான். அன்றாடம் புழங்கினால் அது தானே நிரம்பிவிடும். வாரக்கணக்கில் தண்ணீர் படாவிட்டால் வற்றி, வழி திறந்துகொள்ளும். ஒரு வாளி தண்ணீரில் தீர்ந்துபோன விஷயத்துக்கு நல்ல மனிதர்கள் இருவரை இழந்தோம். காலியாகத்தான் வைக்க வேண்டும் என்றால் வாரம் ஒருமுறை எல்லா வடிகாலிலும் தண்ணீர் ஊற்றுங்கள். மேலே ஒரு கரண்டி எண்ணெய் விட்டால் சீக்கிரம் வற்றாது.

கசிவும் அப்படித்தான். குடியிருப்பவர் கண்ணில் அன்றே படும் ஈரம், பூட்டிய வீட்டில் ஊறி ஊறிக் கறையாகிவிடுகிறது. எங்கள் சமையலறைத் தொட்டிக்குக் கீழே அலமாரிப் பலகை உப்பிப் போயிருந்ததை இரண்டு மாதம் கழித்துத்தான் பார்த்தோம். வீட்டுக் காப்பீடு இருந்தால் அதையும் படித்துப் பாருங்கள். 30 அல்லது 60 நாள் ஆளில்லாமல் கிடந்தால் சில இழப்புகளுக்குப் பணம் தராத ஒப்பந்தங்கள் பல உண்டு.

குடியிருந்துகொண்டே விற்பதிலும் சிரமம் இருக்கிறது. யாராவது வரப்போகிறார்கள் என்றால் தங்கை எல்லாவற்றையும் ஒதுங்க வைத்தாக வேண்டும். அவர்கள் இருவர் மட்டும் என்பதால் முடிந்தது. சிறு குழந்தைகள் உள்ள வீட்டில் இது மாதக்கணக்கில் நடக்குமா என்று என் அனுபவத்தை வைத்துச் சொல்ல முடியாது. அங்கே காலி செய்வதே மேலாக இருக்கலாம்.

கடைசியில் வாங்கியவர்கள் இரண்டாம் முறை வந்தபோது குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு, தண்ணீர் வடிவதைச் சற்று நேரம் பார்த்தார்கள். பிறகு தங்கை எடுத்துப் போட்ட நாற்காலிகளில் உட்கார்ந்து விலை பேசத் தொடங்கினார்கள்.