காரைக்குடிப் பக்கம் விற்கிற ‘கேன்சர் ஸ்கிரீனிங் பேக்கேஜ்’: பாதி காசுக்குத் தகும், பாதி தகாது

காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர், கோட்டையூர் என்று வீட்டுக்கே வந்து ரத்தம் எடுத்துப் போகும் லேப்கள் இப்போது நிறைய. அவற்றில் அதிகம் விற்பது ‘முழு உடல் பரிசோதனை, கேன்சர், இம்யூனிட்டி’ மூன்றையும் ஒன்றாகக் கட்டிய பேக்கேஜ். வாங்குகிறவர் பெரும்பாலும் சிங்கப்பூரிலோ சென்னையிலோ இருக்கும் பிள்ளை. ரத்தம் கொடுப்பது பெரிய வீட்டில் தனியாக இருக்கும் அப்பச்சியும் ஆத்தாவும். இந்த மதிப்பீடு ஒரு குறிப்பிட்ட லேபைப் பற்றியது இல்லை. பெயர் மாறினாலும் உள்ளே இருக்கும் சரக்கு ஏறத்தாழ ஒன்றுதான், ஆகவே சரக்கைப் பற்றியே பேசலாம்.

முதலில் விளம்பரத்தில் போடும் ‘80 டெஸ்ட்’ கணக்கு. சிபிசி என்பது ரத்த அணுக்களை எண்ணும் டெஸ்ட், ஒரே ஊதா மூடி டியூபை ஒரே மெஷினில் வைத்து எடுப்பது. ஆனால் ஹீமோகுளோபின், வெள்ளை அணு, தட்டணு, ஒவ்வொரு சதவீதம் என்று அதையே இருபதுக்கு மேல் எண்ணிவிடுவார்கள். கல்லீரல் பரிசோதனை பத்து, கொழுப்பு ஏழெட்டு. விகிதங்கள்கூட, அதாவது இரண்டு எண்ணை வகுத்து வருவதுகூட, தனி டெஸ்ட். எண்ணிக்கையை விட்டுவிட்டு என்ன இருக்கிறது என்று பார்த்தால் பேக்கேஜ் இரண்டாகப் பிரியும். சர்க்கரை, எச்பிஏ1சி (மூன்று மாத சர்க்கரை சராசரி), கிரியேட்டினின் (சிறுநீரகம்), கல்லீரல், கொழுப்பு, சிபிசி அடங்கிய அடிப்படைப் பாதி நல்ல பாதி. ஐம்பது தாண்டியவர்களுக்கு வருடத்துக்கு ஒரு முறை கொடுக்கிற காசுக்குத் தகும். விலையை ஏற்றுவது மற்ற பாதி: சிஈஏ (குடல்), சிஏ 125 (சினைப்பை), சிஏ 19‑9 (கணையம்), ஏஎஃப்பி (கல்லீரல்), பிஎஸ்ஏ (புராஸ்டேட்) என்ற கேன்சர் மார்க்கர்கள், அதாவது கேன்சர் இருந்தால் ரத்தத்தில் கூடக்கூடிய பொருட்கள், அவற்றோடு அழற்சியைக் காட்டும் சிஆர்பி, ஒவ்வாமையில் ஏறும் ஐஜிஈ, ஒரு ‘இம்யூனிட்டி ஸ்கோர்’. இந்தப் பாதியைத்தான் வேண்டாம் என்கிறோம்.

மார்க்கர்கள் போலி டெஸ்ட் இல்லை. கேன்சர் என்று பயாப்சியில் உறுதியான ஒருவருக்கு, சிகிச்சை வேலை செய்கிறதா, நோய் திரும்புகிறதா என்று தொடர்ந்து பார்க்க அவை மிக உதவும். பெருங்குடல் அறுவை சிகிச்சை முடிந்தவருக்கு சிஈஏ பார்ப்பது நல்ல மருத்துவம். எந்தத் தொந்தரவும் இல்லாமல் திண்ணையில் உட்கார்ந்திருப்பவரிடம் அதே எண்ணைத் தேடும்போதுதான் கணக்கு கவிழ்கிறது.

சிஏ 125‑ஐ எடுத்துக்கொள்ளுங்கள். எல்லை 35. ஆரோக்கியமான பெண்களில் நூற்றில் ஒருவருக்கு அதற்கு மேல் வரும் என்று வைத்துக்கொள்வோம். மிக நல்ல டெஸ்ட் என்றே சொல்லலாம். மாதவிலக்கு நின்ற 10,000 பெண்களில் அந்த நேரத்தில் சினைப்பைக் கேன்சர் இருப்பவர்கள் நான்கு பேர் என்று கொண்டால், டெஸ்ட் அவர்களில் இரண்டு மூன்று பேரைப் பிடிக்கும். கூடவே நோயே இல்லாத நூறு பேரையும் பிடிக்கும். அந்த நூறு பேருக்கும் ஸ்கேன், மறு ஸ்கேன், தூக்கமில்லாத இரவு, சிலருக்கு வயிற்றைத் திறக்கும் ஆபரேஷன். இது வெறும் காகிதக் கணக்கும் இல்லை. அமெரிக்காவில் 78,216 பெண்களை வைத்து நடந்த பிஎல்சிஓ ஆய்வின் முடிவு 2011‑ல் வந்தது. சிஏ 125‑ம் ஸ்கேனும் வருடாவருடம் செய்தும் சினைப்பைக் கேன்சர் இறப்பு குறையவில்லை. 3,285 பேருக்குப் பொய்யாகப் பாசிட்டிவ் வந்தது, அதில் 1,080 பேர் அறுவை சிகிச்சைக்குப் போனார்கள், 163 பேருக்குக் கடுமையான பின்விளைவு. பிரிட்டனில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்களோடு நடந்த ஆய்வு 2021‑ல் முடிந்தபோதும் அதே பதில். நோயைக் கொஞ்சம் முன்னதாகக் கண்டுபிடித்தும் உயிர் கூடுதலாகப் பிழைக்கவில்லை.

மார்க்கர்கள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு வகையில் ஏமாற்றும். சிஏ 125 மாதவிலக்கு நாட்களிலும், எண்டோமெட்ரியோசிஸ், கர்ப்பப்பைக் கட்டி, வயிற்று டிபி இருந்தாலும் ஏறும். சிஈஏ புகைபிடிப்பவர்களுக்கு இயல்பாகவே கூடுதல். சிஏ 19‑9 பித்தப்பைக் கல் பித்தக்குழாயை அடைத்தாலே நூற்றுக்கணக்கில் போகும். மறுபுறம், ஏறத்தாழ நூற்றில் ஐந்து முதல் பத்து பேருக்கு அந்தப் பொருளை உண்டாக்கும் ரத்த வகையே கிடையாது. கணையக் கேன்சர் முற்றியிருந்தாலும் எண் அசையாது. ஏஎஃப்பி கர்ப்பத்திலும் கல்லீரல் அழற்சியிலும் ஏறும். பிஎஸ்ஏ மட்டும் விவாதத்துக்குரியது. 55 முதல் 69 வயதுள்ள ஆண், நல்லது கெட்டதை மருத்துவரிடம் பேசிய பிறகு எடுத்துக்கொள்ளலாம். எடுப்பதானால் இரண்டு நாள் முன்பிருந்து உடலுறவும் நீண்ட சைக்கிள் பயணமும் வேண்டாம். சிறுநீர்த் தொற்று இருந்தால் அது தீர்ந்து ஆறு வாரம் கழித்து எடுங்கள். புராஸ்டேட் வீக்கத்துக்கு ஃபினாஸ்டரைடு அல்லது டுடாஸ்டரைடு மாதக்கணக்கில் சாப்பிடுபவருக்கு எண் பாதியாகக் காட்டும் என்பதைப் பேக்கேஜ் ஃபாரத்தில் யாரும் கேட்பதில்லை. 2 என்று வந்ததைப் பார்த்து நிம்மதியாக இருப்பார்கள், அது உண்மையில் 4.

முடி உதிர்வுக்கு பயோட்டின் மாத்திரை சாப்பிடுபவர்கள் குறைந்தது மூன்று நாள் முன்பே நிறுத்த வேண்டும். சில மெஷின்கள் பயோட்டின் பிடிப்பை வைத்தே அளக்கின்றன. ரத்தத்தில் அது மிகுந்தால் பிஎஸ்ஏ போன்றவை பொய்யாகக் குறையும், சில தைராய்டு எண்கள் பொய்யாக ஏறும்.

இனி ‘இன்ஃப்ளமேஷன், இம்யூனிட்டி’ பகுதி. விளம்பரத் தாளில் “அழற்சியே கேன்சரின் வேர்” என்று போட்டிருப்பார்கள். அறிவியலில் அதற்கு அடிப்படை இருக்கிறது, சிஆர்பி டெஸ்ட்டை விற்க அது போதாது என்பதுதான் விஷயம். 2017‑ல் வந்த கான்டோஸ் ஆய்வில், மாரடைப்பு வந்து சிஆர்பி லிட்டருக்கு 2 மில்லிகிராமும் அதற்கு மேலும் இருந்த 10,061 பேருக்கு, ஐஎல்‑1 பீட்டா என்ற அழற்சிச் சமிக்ஞையைத் தடுக்கும் கனாகினுமாப் ஊசியும் போலி ஊசியும் பிரித்துப் போட்டார்கள். அதிக டோஸ் பெற்றவர்களில் நுரையீரல் கேன்சர் மூன்றில் ஒரு பங்காகக் குறைந்தது. உலகமே நிமிர்ந்து உட்கார்ந்தது. ஆனால் அதே மருந்தால் தொற்று நோய் இறப்பு கூடியது. பின்னர் நுரையீரல் கேன்சர் வந்தவர்களுக்கே அதைக் கொடுத்துப் பார்த்த ஆய்வுகள் தோற்றன. அழற்சி கேன்சரை வளர்க்கிறது என்பது உண்மை. எந்த அழற்சி, எந்த உறுப்பில், எந்தக் கட்டத்தில் என்பதை முழங்கையில் எடுத்த ஒரு டியூப் ரத்தம் சொல்லாது.

சிஆர்பி என்பது ஐஎல்‑6 என்ற இன்னொரு அழற்சிச் சமிக்ஞை தூண்டிக் கல்லீரல் சுரப்பது. தொற்று வந்து ஆறு மணி நேரத்தில் ஏறத் தொடங்கும், இரண்டு நாளில் உச்சம், காரணம் நீங்கினால் 19 மணி நேரத்துக்கு ஒரு முறை பாதியாகும். பல் வீக்கம், சளி, கால் ஆணி சீழ் பிடித்தது எல்லாம் அதில் தெரியும். 10‑க்கு மேல் வந்தால் பயப்படாமல் இரண்டு வாரம் கழித்து மறுபடி பாருங்கள். ஈஎஸ்ஆர், அதாவது சிவப்பணு அடியில் படியும் வேகம், இன்னும் மோசம். வயது ஏறினால் ஏறும், ரத்தசோகை இருந்தால் ஏறும். ஆணுக்கு வயதில் பாதி, பெண்ணுக்கு வயதோடு பத்தைக் கூட்டிப் பாதி என்பது பழைய கணக்கு. எழுபது வயது ஆத்தாவுக்கு 40 வரை வழக்கமானதுதான். பேக்கேஜ் ரிப்போர்ட்டோ 20‑க்கு மேல் எல்லாவற்றையும் சிவப்பில் அடிக்கிறது.

‘இம்யூனிட்டி ஸ்கோர்’ பற்றி நீட்டி எழுத ஒன்றுமில்லை. வெள்ளை அணு விகிதம், வைட்டமின் டி, ஐஜிஈ ஆகியவற்றைக் குழைத்து 100‑க்கு ஒரு மதிப்பெண். இதற்கு ஒப்புக்கொள்ளப்பட்ட அளவுகோல் கிடையாது. ஐஜிஈ வயிற்றுப் பூச்சித் தொல்லையிலும் ஒவ்வாமையிலும் ஏறும், அவ்வளவே. எதிர்ப்புச் சக்தியை ஏற்றிக்கொண்டே போவது நல்லது என்ற நினைப்பே பிழை. அதற்கு ஆக்ஸிலரேட்டரும் உண்டு, பிரேக்கும் உண்டு. பிரேக்கைப் பற்றிய கண்டுபிடிப்புக்குத்தான் 2018‑ல் ஜேம்ஸ் அலிசனுக்கும் தசுகு ஹோன்ஜோவுக்கும் நோபல். கேன்சர் செல்கள் பிடி‑1 போன்ற பிரேக்கை அழுத்தித் தப்பிக்கின்றன, அதை விடுவிக்கும் மருந்துகள் இன்று பல கேன்சர்களில் உயிர் காக்கின்றன. அதே மருந்துகளால் தைராய்டும் குடலும் நுரையீரலும் அழற்சியில் வெந்துபோவதும் உண்டு. 2025‑ல் மேரி பிரன்கோ, ஃப்ரெட் ராம்ஸ்டெல், ஷிமோன் சகாகுச்சி மூவருக்கும் கிடைத்த நோபல், எதிர்ப்புச் சக்தி நம் சொந்த உடலையே தாக்காமல் அடக்கி வைக்கும் டி செல்கள் என்ற வெள்ளை அணுக்களுக்காக. அப்படிப்பட்ட ஏற்பாட்டுக்கு 100‑க்கு 64 என்று மார்க் போடுவது வேடிக்கை.

நம்மை அதிகம் உறுத்துவது பேக்கேஜில் இல்லாதது. கல்லீரல் கேன்சருக்கென்று ஏஎஃப்பி வைத்திருக்கிறார்கள், ஹெபடைடிஸ் பி வைரஸ் இருக்கிறதா என்று பார்க்கும் எச்பிஎஸ்ஏஜி டெஸ்ட்டை வைக்கவில்லை. அந்த வைரஸ் உள்ளே பல்லாண்டு தங்கி அழற்சியை உண்டாக்கித்தான் அந்தக் கேன்சரின் பெரும்பகுதி வருகிறது. வாழ்நாளில் ஒரு முறை பார்த்தால் போதும், மலிவான டெஸ்ட். பாசிட்டிவ் என்றால் மருத்துவக் கண்காணிப்பு உண்டு, தேவைப்பட்டவர்களுக்கு மாத்திரையும் உண்டு. நெகட்டிவ் என்றால் தடுப்பூசி போட்டுக்கொள்ளலாம். அழற்சிக்கும் கேன்சருக்கும் உள்ள தொடர்பில் சாமானியர் கையில் பலன் தரும் டெஸ்ட் இதுதான்.

ரத்தமே தேவைப்படாத மூன்றும் விடுபட்டுள்ளன. ஒன்று வாய். விருந்து முடிந்தால் தாம்பூலம் என்ற ஊர் இது. வெறும் பாக்கே கேன்சர் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வு அமைப்பு 2004‑லேயே முடிவு செய்தது. புகையிலை சேர்த்தால்தான் என்று இல்லை. பாக்கு கன்னத்தின் உட்புறத்தைப் புண்ணாக்கி, நாராக இறுக்கி, வாயைத் திறக்க விடாமல் செய்யும். கண்ணாடி முன் நின்று உங்கள் மூன்று விரலைச் செங்குத்தாக வைத்துப் பாருங்கள். நுழையவில்லை என்றால் பல் மருத்துவரிடம் போங்கள். வெள்ளைப் படலம், சிவப்புத் திட்டு, இரண்டு வாரத்தில் ஆறாத புண் இருந்தாலும் அப்படியே. திருவனந்தபுரத்தில் நடந்த பெரிய ஆய்வில், பயிற்சி பெற்ற ஊழியர்கள் டார்ச் அடித்து வாயைப் பார்த்ததாலேயே புகையிலை, மது பழக்கம் உள்ளவர்களிடம் வாய்க் கேன்சர் இறப்பு மூன்றில் ஒரு பங்கு குறைந்தது.

இரண்டாவது கர்ப்பப்பை வாய். பக்கத்துத் திண்டுக்கல் மாவட்டத்தில் 30 முதல் 59 வயதுப் பெண்களிடம் நர்ஸ்களே செய்த விஐஏ பரிசோதனையின் முடிவு 2007‑ல் வந்தது: இறப்பு 35 சதவீதம் குறைவு. நீர்த்த அசெட்டிக் அமிலத்தைத் தடவி, ஒரு நிமிடம் பொறுத்து, வெண்மையாக மாறும் இடம் இருக்கிறதா என்று பார்ப்பதுதான் முறை. அரசு சுகாதார நிலையங்களில் இலவசம். மாதவிலக்கு நாட்களைத் தவிர்த்துப் போக வேண்டும். மாதவிலக்கே நின்றவர்களுக்குப் பார்க்க வேண்டிய பகுதி உள்ளே இழுத்துக்கொள்ளும் என்பதால் விஐஏ சரிவராது. அவர்கள் இந்தக் கேன்சரை உண்டாக்கும் வைரஸைத் தேடும் எச்பிவி டெஸ்ட் கேளுங்கள். மூன்றாவது மார்பு. மும்பையில் சுகாதார ஊழியர்கள் கையால் பரிசோதித்த இருபதாண்டு ஆய்வில் ஐம்பது வயது கடந்தவர்களுக்கு இறப்பு ஏறத்தாழ 30 சதவீதம் குறைந்தது, அதற்குக் கீழே பலன் தெரியவில்லை.

ஐம்பது கடந்தவர்கள், அல்லது குடும்பத்தில் குடல் கேன்சர் உள்ளவர்கள், மலத்தில் மறைந்த ரத்தம் பார்க்கலாம். ஃபிட் முறையா என்று கேட்டு வாங்குங்கள். பழைய குவாயக் முறை எந்த ரத்தத்தையும் காட்டிக்கொடுக்கும். ஞாயிற்றுக்கிழமை சாப்பிட்ட ரத்தப் பொரியலும் ஆட்டுக்கறியும் திங்கட்கிழமை பாசிட்டிவாகும். ஃபிட் மனித ஹீமோகுளோபினை மட்டும் பிடிக்கும், பத்தியம் வேண்டாம். ஆனால் வெயிலில் கிடந்தால் அந்த ஹீமோகுளோபின் சிதைந்து பொய்யாக நெகட்டிவ் வரும், எடுத்த அன்றே ஒப்படையுங்கள்.

வீட்டுக்கு வந்து எடுக்கும் சேவையின் பலவீனமும் வெயில்தான். காலை ஆறரைக்குக் கோட்டையூரில் எடுத்த டியூப், இன்னும் ஐந்தாறு வீடு சுற்றிவிட்டு லேபுக்கு வர பத்து மணி ஆகலாம். மஞ்சள் மூடி ஜெல் டியூபை அரை மணி உறைய விட்டு, இரண்டு மணி நேரத்துக்குள் மெஷினில் சுழற்றி அணுக்களைப் பிரிக்க வேண்டும். பிரிக்காமல் வைத்தால் பொட்டாசியம் ஏறும். சர்க்கரையைச் சாம்பல் மூடி டியூபில் எடுக்காவிட்டால் அணுக்களே அதைத் தின்று மணிக்கு 5 முதல் 7 சதவீதம் குறைத்துவிடும். சர்க்கரை நோயாளிக்கு நார்மல் என்று வரும். ஆகவே முதல் வீடாக இல்லாமல் கடைசி வீடாக நேரம் கேளுங்கள், ஐஸ் பெட்டி இருக்கிறதா பாருங்கள், பெயரும் வயதும் டியூபில் ஒட்டியது உங்கள் கண்முன் நடக்கட்டும். கையில் கட்டும் பட்டையை ஒரு நிமிடத்துக்கு மேல் இறுக்கி வைக்க விடாதீர்கள்.

ஏற்கெனவே எடுத்து ஏதாவது மார்க்கர் சிவப்பில் வந்திருந்தால், நேராக, உடல் முழுக்கக் கேன்சரைத் தேடும் பெட் ஸ்கேனுக்குப் போக வேண்டாம். குடும்ப மருத்துவரிடம் எடை குறைவு, ரத்தப்போக்கு, மஞ்சள் காமாலை, வயிறு உப்பல் உண்டா என்று முதலில் பாருங்கள். இருந்தால் தாமதம் கூடாது. இல்லாமல் எண் எல்லையை ஒட்டி மட்டும் இருந்தால், மருத்துவர் சொல்லும் இடைவெளி விட்டு அதே லேபில் அதே மெஷினில் மறுபடி எடுங்கள். வேறு கம்பெனி கிட் வேறு எண் கொடுக்கும், இரண்டையும் ஒப்பிட முடியாது.

வெளியூரில் இருந்து பதிவு செய்கிறவர்கள் அடிப்படைப் பேக்கேஜை எடுத்து, எச்பிஎஸ்ஏஜி‑யையும் ஃபிட்டையும் தனியாகச் சேர்க்கச் சொல்லுங்கள். போனில் கேட்டால் பெரும்பாலும் சேர்த்துத் தருவார்கள், மொத்தம் கேன்சர் பேக்கேஜைவிடக் குறைவாகத்தான் வரும். ரிப்போர்ட் பதிவு செய்த எண்ணின் வாட்ஸ்அப்புக்கு மட்டுமே போகும். சர்க்கரை 380 என்று காலையில் வந்தது, அமெரிக்காவில் பிள்ளை தூங்கி எழும்வரை இங்கே யாருக்கும் தெரியாமல் கிடக்கும். பதிவிலேயே வீட்டு எண்ணையும் சேர்த்துக் கொடுங்கள்.