அயானிக் ரௌட்டர் அவுட்லெட்: பக்கம் மாறும்போது எது தங்குகிறது, எது போகிறது

மொபைல் வெப் ஆப்பைப் பயன்படுத்துபவர் "இது ஆப் மாதிரி இல்லையே" என்று சொன்னால், குறை பெரும்பாலும் அனிமேஷனில் இருக்காது. 200 பொருள் உள்ள பட்டியலில் 140-ஆவதைத் திறந்து பார்த்துவிட்டு பேக் அழுத்துகிறார். பட்டியல் மறுபடி மேலிருந்து லோடாகிறது. போட்டிருந்த ஃபில்டரும் பாதி அடித்த தேடல் சொல்லும் காணாமல் போகின்றன. எரிச்சல் அங்கேதான் தொடங்குகிறது. வெப் தொழில்நுட்பத்தில் மொபைல் ஆப் கட்டும் கருவித்தொகுப்பான அயானிக் ஃப்ரேம்வொர்க்கின் 8-ஆம் பதிப்பில் வரும், பக்கங்களை மாற்றிக் காட்டும் அயான்-ரௌட்டர்-அவுட்லெட்டைப் பலர் சறுக்கி வரும் அனிமேஷனுக்காக எடுக்கிறார்கள். அதைவிடப் பெரிய லாபம், விட்டுப்போன பக்கத்தை அது அப்படியே உயிரோடு வைத்திருப்பது. கூடவே சேரும் தலைவலிகளும் அதே குணத்திலிருந்துதான் வருகின்றன.

வேலை செய்யும் விதம் எளிது. புதுப் பக்கத்துக்குப் போகும்போது பழைய பக்கம் டாம் மரத்திலிருந்து (பிரவுசர் வைத்திருக்கும் பக்க உறுப்புகளின் அமைப்பு) நீக்கப்படுவதில்லை, மறைக்கப்படுகிறது, அவ்வளவுதான். புதுப் பக்கம் அதன் மேல் அடுக்கப்படுகிறது. பேக் அழுத்தினால் மேலே இருப்பது அழிக்கப்பட்டு, கீழே இருந்தது மறுபடி தெரிகிறது. ஸ்க்ரோல், ஃபார்ம், திறந்திருந்த அக்கார்டியன் எல்லாம் விட்ட இடத்திலேயே இருக்கும். ஐஓஎஸ் தோற்றத்தில் இந்த நகர்வு 540 மில்லி செகண்ட் எடுக்கிறது: புதுப் பக்கம் வலமிருந்து முழுதாக வர, பழையது மூன்றில் ஒரு பங்கு இடப்பக்கம் ஒதுங்குகிறது. ஆண்ட்ராய்டின் மெட்டீரியல் தோற்றத்தில் 280 மில்லி செகண்ட்தான். இரண்டுமே நேட்டிவ் ஆப்பின் பக்கத்தில் வைத்துப் பார்த்தாலும் குறை சொல்ல முடியாத தரம்.

இனி வினை. பக்கம் அழியவில்லை என்பதால், அயானிக்கோடு சேர்த்துப் பயன்படும் ஃப்ரேம்வொர்க்குகளில் பக்கம் உருவாகும்போது ஓடுபவை, அதாவது வ்யூ.ஜேஎஸ்-இன் மவுண்டட், ஆங்குலரின் என்ஜி-ஆன்-இனிட் போன்றவை, திரும்பி வரும்போது மறுபடி ஓடாது. ரியாக்ட்டின் யூஸ்எஃபெக்ட்டில், பக்கம் அழியும்போது ஓட வேண்டும் என்று எழுதிய க்ளீனப்பும், பயனர் முன்னோக்கிப் போகும்போது ஓடாது. பொருளைத் திருத்திச் சேமித்துவிட்டுத் திரும்பினால் பட்டியலில் பழைய விலையே நிற்பதற்கும், விட்டுப்போன பக்கத்து வீடியோ பின்னாலிருந்து பாடிக்கொண்டே இருப்பதற்கும் காரணம் இதுதான். அயானிக் தரும் நான்கு நிகழ்வுகளை வைத்து வேலையைப் பிரித்துக்கொள்ள வேண்டும். புது டேட்டாவைக் கேட்பது அயான்-வியூ-வில்-என்டரில். அனிமேஷன் திக்கினால் அந்தக் கனமான வேலையை அயான்-வியூ-டிட்-என்டருக்குத் தள்ளுங்கள். நகர்வு முடிந்த பிறகுதான் அது ஓடும். டைமர், வீடியோ, லொகேஷன் கவனிப்பு ஆகியவற்றை நிறுத்துவது அயான்-வியூ-வில்-லீவில். நான்காவதான டிட்-லீவ் அதிகம் தேவைப்படாது.

பல பக்கங்கள் ஒரே நேரத்தில் டாமில் இருப்பதால் வரும் கோளாறுகள் கண்டுபிடிக்கக் கஷ்டமானவை. இரண்டு விவரப் பக்கங்கள் அடுக்கில் இருந்தால் "மேப்" என்ற ஐடி இரண்டு இடத்தில் இருக்கும். ஐடி சொல்லித் தேடினால் மறைந்திருக்கும் முதல் பக்கத்தின் பெட்டிதான் கையில் வரும்; வரைபடம் அங்கே வரையப்படும், கண்முன் இருப்பது வெறுமையாக நிற்கும். ஐடியை விட்டுவிட்டு அந்தந்தப் பக்கத்தின் ரெஃப்பை (உறுப்பை நேரடியாகச் சுட்டும் குறிப்பு) பயன்படுத்துங்கள். லீஃப்லெட் என்ற லைப்ரரி வரையும் வரைபடம் பாதி சாம்பலாக வந்தால், பெட்டியின் அளவு தெரிவதற்கு முன்பே அது தொடங்கிவிட்டது என்று பொருள். டிட்-என்டரில், அளவை மறுபடி பார்க்கச் சொல்லும் இன்வேலிடேட்-சைஸை அழைத்தால் சரியாகும். வ்யூ.ஜேஎஸ்-இல் இன்னொன்று: யூஸ்ரௌட் தரும் முகவரி விவரம் ஆப் முழுவதற்கும் பொதுவான, மாறிக்கொண்டே இருக்கும் மதிப்பு. பயனர் வேறு பக்கத்துக்குப் போனதும், மறைந்திருக்கும் பக்கத்தில் முகவரியிலிருந்து வந்த ஐடி அன்டிஃபைன்ட் (மதிப்பில்லாதது) ஆகி, அதை நம்பிக் கணக்கிடும் கம்ப்யூட்டட் மதிப்புகள் எல்லாம் பிழை கக்கும். பக்கம் உருவாகும்போதே ஐடியை ஒரு மாறிலியில் எடுத்து வைத்துக்கொண்டால் போதும்.

புதுப் பக்கம் வெள்ளையாக நின்றாலோ, பழையதன் மேல் அனிமேஷன் இல்லாமல் ஏறி உட்கார்ந்தாலோ, முதலில் பார்க்க வேண்டியது அந்தப் பக்கம் அயானிக்கின் பக்க உறையான அயான்-பேஜுக்குள் இருக்கிறதா என்பதை.

லாகின், லாகவுட் இரண்டையும் தனியாகக் கவனியுங்கள். லாகின் முடிந்து முகப்புக்குப் போகும்போது திசையை "ரூட்" என்றும் செயலை "ரீப்ளேஸ்" என்றும் கொடுக்க வேண்டும். இல்லையென்றால் பேக் அழுத்தியதும் லாகின் பக்கம் வந்து நிற்கும். லாகவுட்டில் ரௌட்டரை நம்பாமல் முழுப் பக்கத்தையே புதிதாக லோட் செய்வதுதான் பாதுகாப்பு. முந்தைய பயனரின் ஆர்டர் பட்டியல் மறைந்த பக்கமாக உயிரோடு இருக்க வாய்ப்பே தரக் கூடாது. டேப் உள்ள ஆப்பில் ஒவ்வொரு டேப்புக்கும் தனி அடுக்கு உண்டு. அதனால் வரலாற்றில் இரண்டு படி பின்னே போகச் சொல்லும் கட்டளையைத் தவிர்த்துவிடுங்கள். எந்த டேப்பில் போய் நிற்கும் என்று சொல்ல முடியாது.

இத்தனையும் பக்கம் ரீலோட் ஆகாதவரைக்கும்தான். ரேம் குறைந்த ஆண்ட்ராய்டு போனில் பயனர் கேமராவைத் திறந்துவிட்டு வந்தாலே பிரவுசர் டேப் வெளியேற்றப்பட்டிருக்கலாம். திரும்பும்போது அடுக்கு போய்விடும். ஒரே பக்கம் மட்டும் இருக்கும். பின்செல்லும் பொத்தான்கூட மறைந்துவிடும் என்பதால், அயான்-பேக்-பட்டனுக்கு டீஃபால்ட்-ஹெச்ரெஃப் (அடுக்கு இல்லாதபோது போக வேண்டிய முகவரி) கொடுக்காமல் எந்தப் பக்கத்தையும் விடாதீர்கள். நிலையைச் சேமிக்கும் வேலையில் அயானிக் உங்களுக்கு எதுவும் செய்து தராது. இந்த மதிப்பீட்டில் பெரிய மதிப்பெண் குறைவது இங்கேதான்.

நீங்களே கட்ட வேண்டியது இப்படி. ஃபில்டர், வரிசைமுறை, தேடல் சொல் ஆகியவை யூஆர்எல்லின் குவெரியில் (கேள்விக்குறிக்குப் பின் வரும் பகுதி) இருக்கட்டும். ஸ்க்ரோல் இடமும் முடிக்காத ஃபார்மும் பிரவுசர் அந்த டேப்புக்கென வைக்கும் செஷன் ஸ்டோரேஜில். சேமிக்க, பக்கம் மூடப்படும்போது வரும் அன்லோட் நிகழ்வை நம்பக் கூடாது, மொபைலில் அது பல நேரம் வராது. பக்கம் கண்ணிலிருந்து மறைந்து அதன் விசிபிலிட்டி "ஹிட்டன்" ஆகும் தருணத்தில் எழுதுங்கள். தட்டச்சு நடக்கும் ஃபார்மை 300 முதல் 500 மில்லி செகண்ட் இடைவெளி விட்டும் எழுதுங்கள். ஸ்டோரேஜ் சுமார் 5 எம்பிதான், அதில் எழுதும் நேரம் திரையும் நிற்கும்; அதனால் முழுப் பட்டியலையும் கொட்டாமல், எத்தனை பக்கம் லோடானது, திரையின் உச்சியில் எந்தப் பொருளின் ஐடி இருந்தது என்பதை மட்டும் வையுங்கள். பிக்சல் கணக்கைவிட ஐடி நல்லது: இடையில் நான்கு புதுப் பொருள்கள் சேர்ந்தாலும் இடம் தவறாது. சேமிப்பின் பெயரில் ஒரு பதிப்பு எண்ணும் இருக்கட்டும். ஆப்பை மாற்றி வெளியிட்ட பிறகு பழைய வடிவத்தைப் படித்து உடைவது தவிரும். ஓடிபி, கார்டு எண் போன்றவை இதில் சேரவே கூடாது.

மீட்கும்போது விண்டோவின் ஸ்க்ரோல் மதிப்பைப் பார்த்தால் எப்போதும் 0 தான் வரும், ஏனென்றால் பக்கத்தின் உள்ளடக்கத்தைத் தாங்கும் அயான்-கன்டென்ட் தனக்குள் இருக்கும் ஒரு பெட்டியைத்தான் ஸ்க்ரோல் செய்கிறது. பிரவுசரின் தானியங்கி ஸ்க்ரோல் மீட்பும் இதனாலேயே பயன்படாது. கெட்-ஸ்க்ரோல்-எலிமென்ட் மூலம் அந்தப் பெட்டியை வாங்கி, பட்டியல் வரையப்பட்ட பிறகு நகர்த்துங்கள். படங்களுக்கு அகலமும் உயரமும் முன்பே கொடுக்காவிட்டால், நகர்த்திய பிறகு படங்கள் வந்து இடத்தைத் தள்ளிவிடும்.

வெப் ஆப்பை போனில் நிறுவும் ஆப்பாக மாற்றும் கெப்பாசிட்டரில் கட்டி வெளியிட்டால் கணக்கு மாறும். சிஸ்டம் ஆப்பை மூடிவிட்டால் செஷன் ஸ்டோரேஜும் போய்விடும். அங்கே ப்ரிஃபரன்சஸ் ப்ளகின்தான் சரி; ஆண்ட்ராய்டில் ஷேர்டு ப்ரிஃபரன்சஸிலும் ஐஓஎஸ்-இல் யூசர் டீஃபால்ட்ஸிலும் எழுதுகிறது.

ஐபோன் சஃபாரியில் ஓரத்திலிருந்து இழுத்துப் பின்னே போனால் பிரவுசர் தன் அனிமேஷனைக் காட்டும், பிறகு அயானிக் தன்னுடையதை ஓட்டும். பக்கம் இரண்டு முறை சறுக்குவது அசிங்கமாகத் தெரியும். மொபைல் பிரவுசரில் ஓடும்போது மட்டும் அனிமேட்டட் அமைப்பை ஃபால்ஸ் ஆக்கிவிடுவதே நேர்மையான தீர்வு. நினைவு அப்படியே இருக்கும், சறுக்கல் மட்டும் போகும்.

அனிமேஷன் மட்டும் போதும் என்பவர்களுக்கு இவ்வளவு பெரிய பொருள் வேண்டாம். சி.எஸ்.எஸ்-இல் வியூ ட்ரான்சிஷன் விதியை எழுதி நேவிகேஷனை ஆட்டோ என்று வைத்தால், ஒரே தளத்தின் இரு பக்கங்களுக்கு இடையே மென்மையான மாற்றம் வந்துவிடும். குரோம் 126-இலும் சஃபாரி 18.2-இலும் தொடங்கி இது உண்டு. இல்லாத பிரவுசரில் சாதாரணமாகப் பக்கம் மாறும், எதுவும் உடையாது. அடுத்த பக்கம் வர 4 விநாடிக்கு மேலானால் அனிமேஷன் கைவிடப்படும். ஒரே பக்கத்தில் இரண்டு உறுப்புகளுக்கு ஒரே ட்ரான்சிஷன் பெயர் இருந்தாலும் அப்படித்தான். பழைய பக்கத்தின் நிலை தங்குவது, விட்டுப்போன பக்கத்தைப் பிரவுசர் நினைவில் வைக்கும் பேக்-ஃபார்வர்டு கேஷைப் பொறுத்தது. அன்லோட் ஹேண்ட்லர் ஒன்று எங்காவது ஒட்டிக்கொண்டிருந்தால் அந்த வசதி கெடலாம். செய்தித் தளம், வலைப்பதிவு, சின்னக் கடை ஆகியவற்றுக்கு இதுவே போதும், உழைப்பும் குறைவு. பட்டியல், விவரம், திருத்தம், மறுபடி பட்டியல் என்று நாள் முழுக்கச் சுற்றும் ஆப்புக்குத்தான் அயானிக்.

ரியாக்ட் குழுக்கள் ஒன்றைப் பார்த்துவிட்டு முடிவெடுக்க வேண்டும்: அயானிக் 8-ஆம் பதிப்பின் ஆவணம் ரியாக்ட் ரௌட்டர் 5-ஐத்தான் கேட்கிறது. அந்த ரௌட்டரின் 6-ஆம் பதிப்பு 2021-லேயே வந்துவிட்டது. ஏற்கெனவே 6-இல் ஓடும் ஆப்பில் இதைச் சேர்ப்பதென்றால் ரௌட் எல்லாவற்றையும் பின்னோக்கி மாற்றி எழுத வேண்டிவரும். ஆங்குலர், வ்யூ.ஜேஎஸ் பக்கம் இந்தத் தொல்லை இல்லை.