கேக்டஸ்னு ஆறு வாங்கினேன், ரெண்டு கேக்டஸே இல்ல

ஊட்டிலேர்ந்து குன்னூர் வர்ற ரோட்டுல ஒரு நர்சரி, பேரு வேணாம், "கேக்டஸ் ஸ்பெஷல்"னு பெருசா போர்டு இருக்கும். ஆறு தொட்டி 900 ரூபா, அந்த அண்ணா பேப்பர்ல சுத்தி அட்டைப்பெட்டில அழகா அடுக்கிக் குடுத்தாரு, ஒரு முள்ளு கூட உடையல, அந்த விஷயத்துல குறையே இல்ல.

வீட்டுக்கு வந்து தொட்டி மாத்தும்போது உயரமா இருந்ததுல ஒரு கிளை ஒடிஞ்சு பொலபொலன்னு வெள்ளைப் பால் கொட்டுச்சு, விரல்ல பட்டு ராத்திரி வரைக்கும் எரிச்சல், நல்லவேளை கண்ணைத் தேய்க்கல. அது யூஃபோர்பியா, கேக்டஸுக்கு சொந்தமே கிடையாது, நம்ம ஆமணக்குக்கு தான் சொந்தம். ஆனா பாலை மட்டும் வெச்சு முடிவு பண்ணாதீங்க, மாமில்லேரியாங்கற நிஜ கேக்டஸ் வகைலயும் சிலதுக்கு பால் வரும். முள்ளு கிளம்புற இடத்தை உத்துப் பாருங்க, பஞ்சு ஒட்டுன மாதிரி குட்டித் திட்டு இருந்தா கேக்டஸ். ஏரியோல்னு பேரு, முள்ளு, பூ, புதுக் கிளை எல்லாமே அதுலேர்ந்து தான் வரும். என்னோட ஆறுல ரெண்டுல அது இல்ல.

போன் போட்டு கேட்டா "எல்லாம் கள்ளி தாம்மா"ங்கறாரு. தமிழ்ல பார்த்தா அவர் சொல்றது சரிதான்! சதுரக்கள்ளி, திருகுகள்ளி எல்லாம் யூஃபோர்பியா தான், அமெரிக்காலேர்ந்து வந்த சப்பாத்திக்கள்ளிக்கு நாமளா அந்தப் பேரை ஒட்ட வெச்சோம். அப்போ போர்டுலயும் கள்ளின்னே எழுதுங்கண்ணா, ஏன் கேக்டஸ்னு போட்டு கேக்டஸ் ரேட் வாங்கறீங்க?

இன்னொண்ணு, உருண்டையா ஒண்ணு மேல மஞ்சள் பூ பார்த்து மயங்கி எடுத்தேன், காய்ஞ்ச பூவை பசை வெச்சு ஒட்டியிருக்காங்க. பிய்ச்சா தோல் உரியுது, அப்படியே விட்டுட்டேன். பிங்க் உருண்டை நிஜம் தான், ஆனா அதுக்குப் பச்சையமே கிடையாது, கீழ ஒட்டுப்போட்ட டிராகன் ஃப்ரூட் தண்டு தான் சோறு போடுது, தண்டு அழுகினா ரெண்டும் காலி. அவங்க மண்ணு வேற களிமண்ணு மாதிரி பிசுபிசுன்னு இருக்கு, நம்மூர் மூட்டத்துக்கு காயவே காயாது, வந்ததும் மணல் கலந்து மாத்திடுங்க.

கிறிஸ்துமஸ் கேக்டஸ் மட்டும் கண்ணை மூடிட்டு வாங்கலாம், பிரேசில் மலைக்காட்டுல மரத்து மேல வளர்ற செடி, நம்ம குளிரும் ஈரமும் அதுக்கு சுகமா இருக்கு, ஏற்கனவே நுனில நாலு மொட்டு.

அஞ்சுக்கு மூணு ஸ்டார். அங்க டவர் கிடைக்காது, ஜிபே ஓடல, கையில காசு எடுத்துட்டு போங்க.