கோத்தகிரி மலைப்பாதையில் மின்சாரக் கார்: மூன்று வருட அனுபவம்

2022 செப்டம்பரில் மின்சாரக் கார் வாங்கினேன். இதுவரை 41,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. வீடு கோத்தகிரிக்குப் பக்கத்தில் ஒரு ஹட்டியில், அதாவது படுகர் சிற்றூரில். மாதம் இரண்டு முறை அம்மாவைக் கோவைக்கு மருத்துவரிடம் கூட்டிப் போக வேண்டும். மற்ற நாட்களில் ஊட்டி, குன்னூர், தோட்டம் என்று ஓட்டம். பேட்டரி 30 யூனிட் மின்சாரம் பிடிக்கும், எல்.எஃப்.பி (லித்தியம் இரும்பு பாஸ்பேட்) வகை. மலையில் இந்த வண்டி தாங்குமா என்று கேட்காத சொந்தக்காரர்கள் இல்லை. அவர்களுக்குச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஏற்றம். மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரி 33 கிலோமீட்டர்தான். அதற்குள் கிட்டத்தட்ட 1,450 மீட்டர் உயரம் ஏறிவிடுகிறோம். ஆட்களோடு 1,700 கிலோ வரும் வண்டியை அவ்வளவு உயரம் தூக்குவதற்கு மட்டுமே ஆறரை யூனிட்டுக்கு மேல் வேண்டும். சக்கரம் உருளவும் காற்றைக் கிழித்துப் போகவும் ஆகிற செலவு தனி. என் வண்டியில் ஒரு ஏற்றத்துக்கு 34, 35 சதவீதம் காலியாகிறது. அதனால் மேட்டுப்பாளையத்தில் 50-க்குக் கீழே காட்டினால் நான் ஏறுவதில்லை. இழுவையில் குறையே சொல்ல முடியாது. கொண்டை ஊசி வளைவில் லாரிக்கு வழிவிட்டு நின்று மறுபடி கிளம்பும்போது கிளட்ச் வாசனையும் இல்லை, பின்னால் உருண்டுவிடுமோ என்ற பயமும் இல்லை. பழைய டீசல் வண்டியில் வளைவுக்கு வளைவு வாந்தி எடுத்த அம்மா இதில் தூங்கிக்கொண்டே வருகிறார். எனக்கு அது ஒன்றே போதும்.

இறக்கம்தான் நான் தாமதமாகக் கற்றுக்கொண்ட பாடம். இறங்கும்போது மோட்டாரே வண்டியை இழுத்துப் பிடித்து, அந்த விசையை மின்சாரமாக்கி பேட்டரிக்கு அனுப்புகிறது. மலைப்பாதைப் பலகைகள் சொல்லும் இரண்டாவது கியரின் வேலையை இங்கே செய்வது அதுதான். ஆனால் பேட்டரியில் இடம் இருந்தால்தான் அது நடக்கும். வாங்கிய இரண்டாவது வாரம், தூரப் பயணமாயிற்றே என்று 100 சதவீதம் ஏற்றிக்கொண்டு இறங்கினேன். மோட்டார் பிடிக்கவே இல்லை. குஞ்சப்பனை தாண்டும் முன்பே பிரேக்கிலிருந்து கருகல் வாசனை வந்துவிட்டது. ஓரமாக நிறுத்தி அரை மணி நேரம் ஆறவிட்டோம். அதற்கப்புறம் இறங்குவதற்கு முன் 80-க்கு மேல் ஏற்றுவதில்லை. கோத்தகிரியில் 80 என்றால் மேட்டுப்பாளையத்தில் 86 காட்டும். மேலே குடியிருந்து மின்சார வண்டி வாங்குகிறவர்கள் முதல் நாளே தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம் இது. எனக்கு விற்றவர்கள் யாரும் சொல்லவில்லை.

மற்றதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பிரேக் பேட் இன்னும் முதல் செட்தான். வண்டியின் எடைக்கும் வளைவுகளுக்கும் டயர் 28,000 கிலோமீட்டரிலேயே தேய்ந்துவிட்டது. சர்வீஸ் செலவு பழைய டீசல் வண்டிக்கு ஆனதில் பாதிக்கும் கீழே. பேட்டரியின் திறன் ஏழெட்டு சதவீதம்தான் குறைந்திருக்கிறது. டிசம்பர், ஜனவரியில் தலைகுந்தா பக்கம் உறைபனி விழும் காலைகளில் மட்டும் மோட்டார் பிடிப்பு குறையும், வேக சார்ஜும் மெதுவாகத்தான் ஏறும். குளிர்ந்த பேட்டரிக்குள் மின்சாரத்தை வேகமாகத் திணித்தால் உள்ளே லித்தியம் படிந்து கெட்டுவிடும் என்பதால் வண்டியே அளவைக் குறைத்துக்கொள்கிறது. இன்னொன்று, பலா பழுக்கும் மாதங்களில் குஞ்சப்பனைப் பக்கம் யானைகள் சாலைக்கு வரும். சத்தமில்லாத வண்டி அவற்றைத் திடுக்கிட வைத்துவிடக் கூடாது என்று அந்தப் பகுதியில் மிக மெதுவாகத்தான் போகிறேன்.

வண்டியைப் பற்றி இவ்வளவுதான். என்னை மூன்று வருடமாக அலைக்கழித்தது வண்டி இல்லை, அதற்குச் சார்ஜ் போடும் இடம்.

எங்கள் பக்கத்து வீடுகள் சரிவில் படிப்படியாக இறங்கும். கார் மேலே சாலையோரம் நிற்கும், வீடு ஐம்பது அறுபது படிக்கட்டுக்குக் கீழே இருக்கும். ‘இரவில் வீட்டிலேயே சார்ஜ் போட்டுக்கொள்ளுங்கள்’ என்று விளம்பரத்தில் சொல்வது வீட்டு வாசலில் வண்டி நிறுத்தும் ஊர்களுக்குச் சரி. நான் மேலே உள்ள ஷெட்டுக்குத் தனி இணைப்பு கேட்டேன். இடம் யார் பெயரில் இருக்கிறது, பங்காளிகளின் சம்மதக் கடிதம் எங்கே, ஷெட்டுக்கு அனுமதி உண்டா என்று ஒவ்வொரு முறையும் ஒரு புதிய காகிதம் கேட்டார்கள். பாட்டன் காலத்துக் கூட்டுப் பட்டா எங்களுடையது. இணைப்புக் கிடைக்கப் பதினான்கு மாதம் ஆனது. அதுவரை வீட்டிலிருந்து கேபிள் இழுத்துத்தான் ஓட்டினேன். வீட்டுக்கான 100 யூனிட் இலவசத்தோடு இரண்டு மாதத்துக்கு 220 யூனிட் வந்த வீடு 560-ஐத் தொட்டது. 500-ஐத் தாண்டினால் தாண்டிய யூனிட்டுக்கு மட்டும் விலை ஏறுவதில்லை, கீழே உள்ள அடுக்கின் விலையும் மாறிவிடும். அப்படியிருந்தும் டீசலுக்குக் கொடுத்ததைவிட இது மிகக் குறைவுதான். ஆனால் எஸ்டேட் தொழிலாளர்களின் லைன் வீட்டில் குடியிருப்பவர் ஒரு மின்சார ஸ்கூட்டர் வாங்கினால் அதை எங்கே செருகுவார்?

அரசு சலுகை தரவில்லை என்று நான் சொல்ல மாட்டேன். ஜி.எஸ்.டி 5 சதவீதம்தான். தமிழ்நாட்டில் சாலை வரி கட்டவில்லை. கடன் வட்டிக்கு ஒன்றரை லட்சம் வரை வருமான வரிக் கழிவும் கிடைத்தது. இவை எல்லாமே வாங்கும் ஆளுக்கு, வட்டிக் கழிவோ வரி கட்டும் அளவுக்குச் சம்பாதிக்கும் ஆளுக்கு மட்டும். பச்சைத் தேயிலை ஏற்றும் பிக்கப் ஓட்டுநருக்கு அந்த வட்டிக் கழிவால் ஒரு ரூபாய்கூட மிச்சமில்லை. 2024 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய பி.எம். இ-டிரைவ் திட்டத்தில் மின்பேருந்துக்கு 4,391 கோடி ஒதுக்கினார்கள். படித்தபோது சந்தோஷமாக இருந்தது. அப்புறம் பார்த்தால் 40 லட்சத்துக்கு மேல் மக்கள் இருக்கும் ஒன்பது பெருநகரங்களைக் கணக்கில் வைத்துப் போட்ட திட்டம் அது. 2011 கணக்கெடுப்பின்படி நீலகிரி மாவட்டம் முழுவதற்கும் 7.35 லட்சம் பேர்தான். ஏற்றத்தில் புகை கக்கிக்கொண்டு போகும் டீசல் பேருந்துக்குப் பின்னால் மாட்டியவர்களுக்குத் தெரியும், மின்பேருந்து எங்கே அவசரமாக வேண்டும் என்று. இறங்கும்போது மின்சாரத்தைத் திரும்ப எடுக்கும் வசதியும் சமவெளியைவிட இங்கேதான் அதிகம் பயன்படும்.

பேட்டரி சும்மா வருகிற பொருள் இல்லை என்பதும் இந்த மூன்று வருடத்தில் மனதில் உறைத்தது. என் பேட்டரியில் கோபால்ட்டோ நிக்கலோ கிடையாது. லித்தியமும் கிராஃபைட்டும் உண்டு. லித்தியம் ஆஸ்திரேலியாவின் பாறைகளிலிருந்தும், சிலியின் அட்டகாமா பாலைவனத்தில் நிலத்தடி உப்புநீரை மேலே எடுத்து வெயிலில் வற்றவைத்தும் வருகிறது. மழையே காணாத அந்த இடத்தில் தண்ணீருக்காக ஊர்மக்கள் போராடுகிறார்கள். ஜம்மு-காஷ்மீரின் ரியாசியில் 59 லட்சம் டன் லித்தியம் தாது இருப்பதாக 2023-ல் அறிவித்தார்கள். அந்த ஏலத்துக்குப் போதிய ஆட்கள் வராமல் 2024-ல் ரத்தானது. மோட்டார் காந்தத்துக்கு வேண்டிய அரிய மண் தனிமங்கள் சிலவற்றுக்கு 2025 ஏப்ரலில் சீனா கட்டுப்பாடு போட்டதும் இங்கே உற்பத்தியாளர்கள் திண்டாடினார்கள். அரிய மண் தனிமங்கள் நம்மிடமே இல்லையா என்றால், கன்னியாகுமரிக் கடற்கரை மணலில் சில வகை இருக்கிறது. கிள்ளியூர் வட்டத்தில் அந்த மணலை எடுக்கும் திட்டத்தைக் கடலோர மக்கள் எதிர்த்து நிற்கிறார்கள். அவர்கள் கவலை எனக்குப் புரிகிறது. எங்கள் சரிவில் எவராவது மண்ணை வெட்ட வந்தால் நாங்களும் நிற்போம்.

மின்சாரமும் அப்படித்தான். பைக்காராவில் 1932-லேயே தண்ணீரிலிருந்து மின்சாரம் எடுத்த மலை இது. குந்தா நீர்மின் நிலையங்களும் இங்கேதான். ஆனாலும் என் வண்டிக்குள் போவது பெரும்பாலும் நிலக்கரியில் ஓடும் பொதுக் கட்டமைப்பின் மின்சாரம். யூனிட்டுக்கு சுமார் 0.7 கிலோ கரியமில வாயு என்று வைத்தால், 100 கிலோமீட்டருக்கு 16 யூனிட் எடுக்கும் என் வண்டிக்கு 11 கிலோ. மலையில் லிட்டருக்கு 13 கொடுக்கும் பெட்ரோல் கார் 17, 18 கிலோ விடும். வித்தியாசம் உண்மைதான், பூஜ்யம் இல்லை. இவ்வளவு பாடுபட்டு வரும் பேட்டரி நாளில் இருபது மணி நேரம் என் ஷெட்டில் சும்மா நிற்கிறது. பேருந்துக்கும் தேயிலை பிக்கப்புக்கும்தான் அது முதலில் போக வேண்டும், எங்களைப் போன்றவர்களின் காருக்கு அப்புறம் வரட்டும் என்றே நினைக்கிறேன்.

ஒரு நாளை மறக்கவே மாட்டேன். ஜூலை மழையில் மரம் விழுந்து மூன்று நாள் மின்சாரம் இல்லை. வண்டியில் 30 சதவீதம். அம்மாவுக்கு மூச்சுத் திணறியது இரண்டாவது நாள் இரவில். இறங்கிவிடலாம், ஆனால் வழியில் மண் சரிந்து சுற்றிப் போக நேர்ந்தால்? பக்கத்து வீட்டு அண்ணன் தன் டீசல் ஜீப்பை எடுத்தார். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 800 மில்லிமீட்டருக்கு மேல் கொட்டிய மாவட்டம் இது. இங்கே சார்ஜ் நிலையம் வைப்பவர்கள் சோலார் தகடும் சேமிப்பு பேட்டரியும் சேர்த்து வைத்தால்தான் மழைக்காலத்தில் உதவும். மேட்டுப்பாளையத்தில் நான் நம்பிப் போன ஒரு நிலையம் ஐந்து முறையில் இரண்டு முறை வேலை செய்யவில்லை. செயலியில் மட்டும் பச்சையாகவே இருந்தது. இப்போதெல்லாம் ஜூன் முதல் செப்டம்பர் வரை 60-க்குக் கீழே இறங்கவிடுவதில்லை.

ஷெட்டுக்கு இணைப்பு வந்தபோது கூடவே இரண்டு 15 ஆம்பியர் பாயிண்டும் ஒரு துணை மீட்டரும் போட்டேன். ஹட்டியில் மூன்று பேர் இப்போது ஸ்கூட்டரை அங்கேதான் செருகுகிறார்கள், யூனிட் கணக்குப் பார்த்துக் காசு தருகிறார்கள். தேயிலை பிக்கப் வைத்திருக்கும் அண்ணன் போன வாரம் வந்து நின்று மீட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு டன் இலையோடு ஃபேக்டரி வரை ஏறினால் எத்தனை சதவீதம் போகும் என்று கேட்டார். நோட்டை எடுத்து இரண்டு பேரும் உட்கார்ந்தோம்.