மூங்கில் அல்ட்ராலைட் ராடு: சில ஆண்டுப் பழக்கத்துக்குப் பிறகு

அல்ட்ராலைட் என்றால் மெல்லிய நரம்புக்கும் சின்ன இரைக்கும் ஆன தூண்டில் ராடு. அதில் கார்பன் ராடு இருக்கும்போது மூங்கில் எதற்கு என்று கேட்பவர்களுக்கு என்னிடம் ஒரே பதில்தான்: மெல்லிய நரம்பில் (தூண்டில் நூலில்) மீனைக் கரை சேர்க்க. வீசுவதற்கு அல்ல. தூரம், எடை, பராமரிப்பு என எதை எடுத்தாலும் ஒரு சுமாரான கார்பன் ராடே மூங்கிலை முந்திவிடும். மீன் மாட்டிய பிறகுதான் மூங்கில் தன் வேலையைக் காட்டும். சில ஆண்டுகளாக இரண்டையும் மாற்றி மாற்றிப் பயன்படுத்தி வருகிறேன். இந்த எண்ணம் இதுவரை மாறவில்லை.

என்னுடையது 6 அடி, இரண்டு துண்டு, ஆறு மூங்கில் பத்தைகளை ஒட்டிச் செய்த ராடு. நரம்பைச் சுற்றும் ரீல் இல்லாமல் 120 கிராமுக்குக் கொஞ்சம் மேலே வரும். அதே நீளமுள்ள கார்பன் அல்ட்ராலைட் பெரும்பாலும் 100 கிராமைத் தொடாது. இருபது சொச்சம் கிராம் எல்லாம் ஒரு எடையா என்று தோன்றும். ஆனால் அந்த எடை எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பதில்தான் விஷயமே இருக்கிறது. மூங்கில் உள்ளீடு இல்லாத குழாய் அல்ல, நுனிவரை கெட்டியான கம்பு. நடுவில் இரண்டு துண்டையும் இணைக்கும் உலோகக் குழலான ஃபெரூல் வேறு. அதனால் 150 கிராம் ரீலைப் பொருத்தினால் முன்பக்கம் தாழ்ந்துகொண்டே இருக்கும், சாயங்காலத்துக்குள் மணிக்கட்டு கடுக்கும். 220 கிராம் அளவில் ஒரு பழைய பாணி ரீலை மாட்டிய பிறகு அந்தத் தொல்லை இல்லை. மொத்த எடை கூடியது, களைப்பு குறைந்தது. அல்ட்ராலைட் என்ற பெயரைப் பார்த்து மிகச் சின்ன ரீலாகத் தேடாதீர்கள்.

எல்லா மூங்கிலும் இதற்கு ஆகாது. நல்ல ராடுகளுக்குப் பயன்படுவது டோங்கின் மூங்கில், சீனாவின் குவாங்டாங் மாகாணத்தில் வளர்வது. அதன் வலிமையான நார்கள் வெளித்தோலை ஒட்டி நெருக்கமாக இருக்கும், உள்ளே போகப்போக சதை மெத்தென்று ஆகிவிடும். அதனால் ஒவ்வொரு பத்தையையும் 60 பாகைக் கோணத்தில் முக்கோணமாக இழைத்து, தோல்பக்கம் வெளியே வருமாறு ஆறையும் சேர்த்து ஒட்டுகிறார்கள். அறுகோணக் கம்பு கிடைக்கிறது, பலமெல்லாம் வெளிச்சுற்றில் நிற்கிறது. அடியிலிருந்து நுனிவரை அது எப்படி மெலிகிறது என்பதுதான் ராடின் குணத்தைத் தீர்மானிக்கிறது. ஒரே நீளம், ஒரே எடை உள்ள இரண்டு ராடுகள் முற்றிலும் வேறு மாதிரி நடந்துகொள்வதற்குக் காரணமும் அதுதான்.

ஸ்பின்னிங் ராடாகவே செய்த மூங்கில் ராடு பழையதில் தேடினால் கொஞ்சம் அலைய வேண்டும், கண்ணில் படுவதில் பெரும்பாலானவை ஈ தூண்டிலுக்கான ஃப்ளை ராடுகள்தான். ஸ்பின்னிங் ராடில் மாட்டும், சுருள் சுழலாமல் நிற்கும் வகை ரீலுக்கு இங்கிலாந்தின் ஆல்ஃபிரட் இல்லிங்வொர்த் காப்புரிமை பெற்றது 1905இல். ஆனால் அமெரிக்காவில் அது பரவலானது இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு. அதற்கேற்ற மூங்கில் ராடுகள் வர ஆரம்பித்த அதே நேரத்தில் கண்ணாடியிழையும் வந்துவிட்டது. 1950இல் அமெரிக்கா சீன வர்த்தகத்துக்குத் தடை போட்டதும் டோங்கின் மூங்கில் வரத்தும் நின்றது. 1970களின் தொடக்கத்தில் தடை விலகியபோது அடுத்ததாகக் கார்பன் வந்து நின்றது. ஆக, மூங்கில் ஸ்பின்னிங் ராடுக்குக் கிடைத்த காலம் மிகக் குறுகியது. ஃப்ளை ராடை வெட்டி ஸ்பின்னிங் ராடாக மாற்றியதும் விற்பனைக்கு வரும். அப்படிப்பட்டதில் நரம்பு நுழையும் முதல் வளையத்தைப் பாருங்கள். ரீலிலிருந்து நரம்பு பெரிய சுருளாக வெளியேறும், அந்த வளையம் அகலமாக இல்லாவிட்டால் வீச்சு பாதியில் நின்றுவிடும்.

சரி, வீச்சுக்கு வருவோம். கார்பனில் மணிக்கட்டை ஒரு வெட்டு வெட்டினால் போதும், லூர் (செயற்கை இரை) பறந்துவிடும். அதே வெட்டை மூங்கிலில் கொடுத்தால் நுனி நிற்காமல் ஆடும், நரம்பு வளையங்களில் அடித்து வேகத்தை இழக்கும், லூர் பாதி தூரத்தில் தொப்பென்று விழும். பின்னால் கொண்டுபோய், லூரின் எடை நுனியில் ஏறுவது கைக்குத் தெரியும்வரை ஒரு நொடி பொறுக்க வேண்டும். பிறகு முன்கையால் நிதானமாகத் தள்ளி, நரம்பைப் பிடித்திருக்கும் விரலைக் கார்பனுக்கு விடுவதைவிடச் சற்றுத் தாமதமாக விட வேண்டும். பழகிவிட்டால் 3 கிராம் ஸ்பின்னர் (தகடு சுழலும் லூர்) 15 மீட்டருக்கு அலட்டிக்கொள்ளாமல் போகும். என் கார்பன் ராடில் அதே ஸ்பின்னர் இன்னும் ஐந்தாறு மீட்டர் கூடுதலாகப் போகிறது. குறுகிய ஓடையில் அந்த ஐந்தாறு மீட்டரால் எந்தப் பயனும் இல்லை. அகலமான ஏரியில் கரையில் நின்று வீசுபவருக்கு அது பெரிய இழப்பு.

லூர் எடை விஷயத்தில் மூங்கில் கறாரானது. என் ராடுக்கு 2 முதல் 5 கிராம். அதற்குள் மூன்று, மூன்றரை கிராமில்தான் அது முழு மனதோடு வேலை செய்கிறது. ஒரு கிராம் ஜிக்கை (தலையில் எடை வைத்த முள்) மாட்டினால் நுனிக்கு அப்படி ஒன்று தொங்குவதே தெரியாது. 7 கிராம் ஸ்பூன் (கரண்டி வடிவ உலோக லூர்) மாட்டினால் கம்பு அடிவரை வளைந்து திணறும். கார்பனில் இரண்டையும் ஒப்பேற்றிவிடலாம்.

ஜிக்கை வைத்து அடித்தரையைத் தட்டித் தட்டி மீன்பிடிப்பவர்கள் மூங்கில் பக்கம் வராமல் இருப்பதே நல்லது. கல்லில் பட்டதா, சேற்றில் பட்டதா, மீன் உதட்டால் தொட்டதா என்பதைக் கார்பன் சுள்ளென்று சொல்லும். மூங்கிலில் மூன்றும் ஏறக்குறைய ஒரே மாதிரி மழுங்கலாக வந்து சேரும். ஸ்பின்னருக்கு இந்தக் குறை கிடையாது. தகடு சுழலும் துடிப்பு கார்க் பிடிவரை சீராக வரும், ஒரு பாசி இழை சிக்கினால்கூட அந்தத் துடிப்பு சட்டென்று நின்று தெரிந்துவிடும்.

இனி, மீன் மாட்டிய பிறகு. 4 பவுண்டு நைலான் நரம்பு, சின்ன மூன்றுமுள், மெல்லிய உதடுள்ள டிரவுட் அல்லது பெர்ச் என்று வைத்துக்கொள்ளுங்கள். விறைப்பான ராடில் மீன் தலையை உதறும்போது நரம்பு ஒரு கணம் தளரும், மறுகணம் வெடுக்கென்று இழுபடும். இரண்டு மூன்று உதறலில் முள் குத்திய ஓட்டை அகலமாகிவிடும், முள் கழன்றுவிடும். மூங்கில் ஆழமாக வளைந்து நிற்பதால் மீன் ஒரு அடி நம்மை நோக்கி வந்தாலும் வளைவில் இன்னும் மிச்சம் இருக்கும், இழுவை விடாது. மிக முக்கியமான இடம் கரையோரம்தான். வலையைப் பார்த்ததும் மீன் கடைசியாக ஒரு பாய்ச்சல் பாயும். அப்போது வெளியே இருப்பது இரண்டு மீட்டர் நரம்பு மட்டும், நீள்வதற்கு நரம்பிலும் ஒன்றுமில்லை. ரீலின் டிராக் (மீன் இழுத்தால் நரம்பை விட்டுக்கொடுக்கும் பிரேக்) வழுக்க ஆரம்பிப்பதற்கு முன்பே மூங்கில் நுனி தண்ணீருக்குள் போய், அந்த முதல் உலுக்கலை வாங்கிக்கொள்ளும். கார்பனில் நான் மீன்களை இழந்ததில் பாதிக்கு மேல் இந்த இடத்தில்தான். மூங்கிலில் இந்த இடத்தில் இழந்தது அபூர்வம். டிராக்கை நரம்பின் தாங்குதிறனில் கால்பங்குக்கு வைப்பேன், 4 பவுண்டுக்கு ஏறக்குறைய 450 கிராம் இழுவை. அதற்கு மேல் இறுக்கத் தேவைப்பட்டதில்லை.

ஆனால் இதே இளக்கம் செடிகொடிக்குள் உதவாது. பாசிக்குள் புகும் விராலைத் தடுத்து நிறுத்த இந்த ராடால் முடியாது. வளைந்துகொண்டே போகும், மீன் தன் இடத்துக்குப் போய்ச் சேர்ந்துவிடும்.

நரம்பில் நைலானையே வைத்திருக்கிறேன். பின்னல் நரம்பு நீளாது என்பதால் மூங்கிலின் மந்தத்தை ஓரளவு ஈடுகட்டும் என்பது உண்மைதான். ஆனால் பழைய ராடுகளில் இருக்கும் வெறும் கம்பி வளையங்களைப் பின்னல் நரம்பு அறுத்துக் கோடு போட்டுவிடும், அந்தக் கோடு பிறகு நரம்பையே அறுக்கும்.

பராமரிப்பைப் பற்றி பயமுறுத்துபவர்கள் அதிகம். அன்றாடம் செய்வது கொஞ்சம்தான்: வந்ததும் துணியால் துடைத்து, உலர்ந்த பிறகு துணிப்பையில் போட்டு நேராகத் தொங்கவிடுவது. ஈரத்தோடு குழாயில் அடைத்து மூடக்கூடாது, வெயிலில் நிற்கும் காருக்குள் விடக்கூடாது. வார்னிஷில் முடிக்கோடு அளவு விரிசல் தெரிந்தாலும் உடனே அடைத்துவிட வேண்டும், தண்ணீர் உள்ளே போனால் பசை வரைக்கும் போகும். ஃபெரூலை முறுக்காமல் நேராக இழுத்துக் கழற்ற வேண்டும், முறுக்கினால் பத்தைகளின் ஒட்டு பிரியும்.

எனக்கு வந்த ஒரே பெரிய கோளாறும் ஃபெரூலில்தான். இரண்டாம் ஆண்டில் ஒவ்வொரு வீச்சுக்கும் ‘டிக்’ என்று மெலிதாக ஒரு சத்தம் வர ஆரம்பித்தது. காதுக்குக் கேட்பதைவிட உள்ளங்கைக்குத்தான் முதலில் தெரிந்தது. குழலுக்கு அடியில் பசை விட்டிருந்தது. அதோடு தொடர்ந்து வீசினால் குழலின் விளிம்பில் மூங்கில் ஒடிந்துவிடும். கழற்றிப் பழைய பசையைச் சுரண்டி, எபாக்ஸி வைத்து மறுபடி பொருத்தி, மேலே பட்டு நூல் சுற்றி வார்னிஷ் அடித்த பிறகு இன்றுவரை சத்தம் இல்லை. கார்பன் ராடு ஒடிந்தால் பெரும்பாலும் தூக்கிப் போடுவதுதான், இதில் ஏறக்குறைய எல்லாவற்றையும் சரிசெய்யலாம்.

நுனித்துண்டில் லேசான கோணல் விழுந்திருக்கிறது. ஸ்பின்னிங் ராடில் மீன் எப்போதும் வளையங்கள் இருக்கும் பக்கமே இழுப்பதால் கோணலும் அந்தப் பக்கமே விழும். சூடு காட்டி நிமிர்த்தலாம், ஆனால் வார்னிஷ் கெடும். வீச்சில் வித்தியாசம் தெரியாததால் அப்படியே விட்டுவிட்டேன்.

பழைய ராடு வாங்குவதாக இருந்தால் பூட்டிய நிலையில் அடியிலிருந்து நுனியைக் கண்ணோட்டமாகப் பாருங்கள், ஒரு விரல்கடை கோணல் பரவாயில்லை. அப்புறம் பிடியைப் பிடித்து மெதுவாக அசையுங்கள், ‘டிக்’ சத்தம் வந்தால் ஃபெரூல் வேலை காத்திருக்கிறது. பத்தைகளுக்கிடையே நகத்தை ஓட்டிப் பாருங்கள், எங்காவது நகம் சிக்கினால் ஒட்டு விட்டிருக்கிறது. அதைவிட முக்கியம், இரண்டு துண்டும் ஒரே நீளமா என்று பாருங்கள். நுனித்துண்டு இரண்டு விரல்கடை குட்டையாக இருந்தால் அது எப்போதோ ஒடிந்து, வெட்டி, புது நுனிவளையம் போட்ட ராடாக இருக்க வாய்ப்பு அதிகம். அல்ட்ராலைட்டில் அந்த இரண்டு விரல்கடை போனால் மெல்லிய நரம்பைக் காப்பாற்றும் பகுதியே போய்விட்டது, எவ்வளவு அழகாக இருந்தாலும் வேண்டாம்.