இலங்கை பிரைவேட் டூர் என்று சொல்லி 1,85,000 ரூபாயை விழுங்கிவிட்டார்கள். பணம் கட்டும் முன் இதைப் படியுங்கள்

இன்று காலை அந்த டூர் ஏஜென்சி ஆள் என் எண்ணை பிளாக் செய்துவிட்டான். என் மனைவியின் எண்ணிலிருந்து கூப்பிட்டேன், என் குரலைக் கேட்டதும் கட். அந்தக் கோபத்தோடுதான் இதை எழுதுகிறேன். ஆற அமர எழுதினால் மென்மையாகிவிடும், அது வேண்டாம்.

போனது 1,85,000 ரூபாய். அப்பா, அம்மா, மனைவி, நான் என்று நாலு பேருக்கான தொகை. விமான டிக்கெட் இதில் சேராது, அதை நாங்களே தனியாக எடுத்துக்கொண்டோம். தங்குமிடம், வண்டி, கைடு, நுழைவுச் சீட்டு, மலை ரயில் எல்லாம் அடக்கம் என்று சொல்லி வாங்கிய காசு இது.

சமூக ஊடகத்தில் அழகழகாகப் படம் போட்டு ஆள் பிடிக்கிற டூர் பக்கங்களில் ஒன்று. ஆபீஸ் நம்ம தமிழ்நாட்டில்தான். 'உங்கள் குடும்பத்துக்கு மட்டும் தனி வண்டி, தமிழ் பேசும் கைடு, கூட்டத்தோடு ஓட வேண்டியதில்லை' என்பது விளம்பரம். வயதான பெற்றோரை அழைத்துப் போகிறவனுக்கு வேறென்ன வேண்டும்? சிகிரியா, பொலன்னறுவை, கண்டி, நுவரெலியா, எல்ல, கடைசியில் தெற்குக் கடற்கரையில் காலி என்ற ஊரிலிருக்கும் கோட்டை. பழைய நகரங்களும் தேயிலைத் தோட்டங்களும் கலந்த சுற்று.

எந்த இடத்தில் எங்களைப் பிடித்தான் என்று சொல்கிறேன், ஏனென்றால் இந்த வித்தையை அடுத்தவரிடமும் காட்டுவான்.

அப்பாவுக்குச் சோழர் வரலாற்றில் பைத்தியம். இலங்கை என்றதும் அவர் கேட்டது ஒரே ஒரு இடம்தான்: பொலன்னறுவையில் இருக்கும் வானவன் மாதேவி ஈச்சரம். ராஜராஜன் காலத்தில் சோழப்படை 993 வாக்கில் அனுராதபுரத்தை வீழ்த்திய பிறகு பொலன்னறுவையைத்தான் தலைநகராக வைத்துக்கொண்டார்கள், சனநாதமங்கலம் என்று பெயரும் சூட்டினார்கள். 1070-இல் சிங்கள மன்னன் விஜயபாகு விரட்டும்வரை சோழர் ஆட்சி. ராஜராஜனின் அரசி பெயரில் அங்கே எழுந்த சிவன் கோயில், முழுக்கக் கல், தமிழ்க் கல்வெட்டுகளோடு இன்னும் நிற்கிறது. தொல்லியல் துறைக் கணக்கில் அது இரண்டாம் சிவ தேவாலயம்.

போனை ஸ்பீக்கரில் போட்டு அப்பா இதைக் கேட்டார். அந்தப் பக்கம் ஒரு நொடி தயக்கம்கூட இல்லை. "ரெண்டாம் சிவ தேவாலயம்தானே ஐயா? வானவன் மாதேவி. உள்ளே லிங்கம் இன்னும் இருக்கு. காலையில வெயில் ஏறுறதுக்கு முன்னாடியே கூட்டிட்டுப் போயிடுறோம். நீங்க ஒரு விளக்கு கொண்டு வந்துடுங்க." அப்பா போனைப் பார்த்துச் சிரித்தார். மற்ற ஏஜென்சிகளில் கேட்டபோது 'அது லிஸ்ட்ல இல்ல சார்' என்ற பதில்தான் வந்தது. இவனுக்குப் பெயரே தெரிகிறது! அன்று மாலையே முதல் தவணை 60,000 போனது.

விசாரிக்காமல் கொடுத்தீர்களா என்று கேட்பவர்களுக்கு: விசாரித்தோம். வீடியோ காலில் ஆபீஸையும் போர்டையும் காட்டினான். நாலு ஹோட்டலுக்கும் வவுச்சர் அனுப்பினான். கண்டி ஹோட்டலுக்கு நானே நேரடியாகப் பேசினேன், "ஆமாம், உங்கள் பெயரில் இரண்டு அறை இருக்கிறது" என்றார்கள். வெளிநாட்டு டூருக்கு டிசிஎஸ் (விற்பவரே பிடித்து அரசுக்குக் கட்டும் வரி) உண்டே என்று கேட்டதற்கு, "எல்லாம் உள்ளேயே சேர்த்துட்டோம் சார்" என்றான். பிறகு புத்தர் திருவிழாவான வெசாக் வந்தது. வெசாக் நேரத்தில் இலங்கை முழுக்க விடுமுறை, கண்டியில் அறை கிடைப்பது கஷ்டம், இது உண்மைதான். அந்த உண்மையை வைத்தே கழுத்தில் கை வைத்தான்: "முழுசா கட்டினாத்தான் ரூமை பிளாக் பண்ண முடியும், இன்னைக்கு ராத்திரிக்குள்ள." மீதி 1,25,000 யுபிஐ-இலும் வங்கி வழியாகவும் போனது. கம்பெனிக் கணக்கு ஆடிட்டில் இருக்கிறதாம், அதனால் ஒரு தனி ஆளின் சேமிப்புக் கணக்குக்கு. ஆக மொத்தம் 1,85,000.

கட்டுநாயக்க விமான நிலையத்தில் வண்டி வந்தது. இதையும் சொல்லத்தான் வேண்டும், டிரைவர் நல்ல மனிதர், ஹட்டன் பக்கத்துத் தமிழர். ஆனால் கைடு என்று யாருமில்லை. 'கைடு சிகிரியாவில் சேர்ந்துகொள்வார்' என்றார்கள். படத்தில் நீச்சல் குளம் இருந்த விடுதிக்குப் பதில் நெடுஞ்சாலை ஓரத்து லாட்ஜ், ராத்திரி முழுக்க லாரி சத்தம்.

சிகிரியாவில் ஒருவன் வந்து சேர்ந்தான். கழுத்தில் அட்டை கிடையாது. 'டிக்கெட்டை இப்போ கையில கட்டிடுங்க, ஆபீஸ் திருப்பித் தந்துடும்' என்று நாலு பேருக்கும் டாலர் கணக்கில் ரொக்கம் வாங்கினான். அம்மாவுக்கு முழங்கால் வலி, காசியப்ப மன்னனின் பாறைக் கோட்டைக்கு ஏறும் 1200 படியை அவர் ஏறப்போவதில்லை, வண்டியிலேயே இருந்தார். அவருக்கும் சேர்த்துத்தான் வாங்கினான். டிக்கெட்டை எங்கள் கையில் தரவே இல்லை, வாசலில் தானே காட்டி உள்ளே அனுப்பினான். ஓவியங்கள் இருக்கும் சுருள் படி வரை வந்துவிட்டு, 'மேலே நீங்களே போயிட்டு வாங்க' என்று இறங்கிவிட்டான்.

பொலன்னறுவைக்கு 'வெயில் ஏறுவதற்கு முன்' போக வேண்டிய காலையில் முதலில் ஒரு மரச்சிற்பக் கடை. அப்புறம் ஒரு மூலிகைத் தோட்டம். அங்கே ஒருவர் என் முன்கையில் வெள்ளைக் களிம்பைத் தடவிவிட்டு ஏலக்காய், கறுவா, மிளகுக் கொடி என்று சுற்றிக் காட்டினார். திரும்பி வந்து பஞ்சால் துடைத்தார். முடியெல்லாம் அதோடு வந்துவிட்டது, உள்ளங்கை அகலத்துக்கு என் கை வழவழவென்று ஆகிவிட்டது. அந்த வழுக்கை இன்னும் இருக்கிறது, டைப் செய்யும்போது கண்ணில் படுகிறது, எரிகிறது. களிம்பு, மூட்டுவலி எண்ணெய் என்று அவர் போட்ட பில்லைப் பார்த்து எழுந்துவிட்டோம். ஆனால் நேரம் போய்விட்டதே! அதன்பிறகு மின்னேரியா பக்கம் யானை பார்க்க ஜீப் என்று ஒரு மணி நேரம் பேரம், 'வேண்டாம்' என்று சொல்லச் சொல்ல.

பொலன்னறுவை அருங்காட்சியக வாசலுக்கு வந்தபோது சீட்டு கவுன்டர் மூடிவிட்டார்கள். கோயில் உள்ளே, டிக்கெட் எல்லைக்குள் இருக்கிறது. அப்பா விளக்கையும் திரியையும் ஒரு துணிப்பையில் மதுரையிலிருந்தே எடுத்து வந்திருந்தார். ஏஜென்சிக்குப் போன் போட்டேன். "ரீஷெட்யூல் பண்ணிடலாம் சார், ரிட்டர்ன்ல கவர் பண்ணிடுவோம்." ரிட்டர்ன் காலி வழியாகக் கொழும்பு. வரைபடத்தில் பொலன்னறுவை எங்கே, காலி எங்கே?

கண்டிதான் உச்சம். ராத்திரி, வெசாக் கூடுகளின் வெளிச்சத்தில் ஊரே நெரிசல். ஹோட்டல் ரிசப்ஷனில் இருந்த பையன் வவுச்சரை வாங்கிப் பார்த்துவிட்டுக் கணினித் திரையை என் பக்கம் திருப்பினான். எங்கள் பெயர் இருந்தது, எதிரே சிவப்பில் 'ரத்து'. முந்தைய நாள் மாலைதான் ரத்து செய்திருக்கிறார்கள். அப்போதுதான் விஷயம் புரிந்தது. ஆன்லைன் புக்கிங் தளங்களில் 'பணம் விடுதியில் கட்டலாம், கட்டணமின்றி ரத்து செய்யலாம்' என்று ஒரு வசதி உண்டு அல்லவா? அதில்தான் அறை போட்டிருக்கிறான். ஒரு பைசா கட்டவில்லை. வவுச்சர் அசல், புக்கிங் அசல், நான் போன் போட்டபோது ஹோட்டல் சொன்னதும் உண்மை. பணம் மட்டும் அவன் சட்டைப் பையில். வவுச்சரின் அடியில் பொடி எழுத்தில் 'விடுதியில் செலுத்த வேண்டிய தொகை' என்று ஒரு வரி இருக்க வேண்டும். எங்களுக்கு அனுப்பிய பிடிஎஃப்பில் அந்த வரியை வெட்டிவிட்டு அனுப்பியிருக்கிறான்.

டிரைவர் வண்டியிலிருந்து இறங்கி வந்து மெதுவாகச் சொன்னார்: "சார், எனக்கும் சல்லி வரல்ல. டீசலுக்கு மட்டும்தான் தந்தாங்க. கொழும்புல இருக்கிற ஏஜென்ட், இந்தியாவுல இருந்து பணம் வரல்லன்னு சொல்றார்." கடைகளில் நிறுத்தினால் கிடைக்கும் கமிஷன்தான் அவருக்குச் சம்பளம். அவரைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை.

அந்த ராத்திரி எங்களை ஏற்றுக்கொண்டது ஒரு வீட்டு விடுதி. அந்த அம்மா சோறும் பருப்பும் தேங்காய்ச் சம்பலும் வைத்துவிட்டு எங்கள் பேக்கேஜ் தாளை வாங்கிப் படித்தார். "இந்தியப் பாஸ்போர்ட்தானே, சிகிரியாவுல சார்க் டிக்கெட்தானே எடுத்தீங்க?" என்று கேட்டார். இந்தியர்களுக்கு சார்க், அதாவது தெற்காசிய நாட்டவருக்கான சலுகை உண்டு, பாஸ்போர்ட் காட்டினால் சிகிரியா, பொலன்னறுவை போன்ற இடங்களில் மற்ற வெளிநாட்டவரைவிடக் கட்டணம் குறைவு. எங்களிடம் வாங்கியது முழுசு. அடுத்த வரியைப் பார்த்து அந்த அம்மா சிரித்தேவிட்டார்: 'காலி கோட்டை நுழைவுக் கட்டணம், நால்வருக்கு'. காலி கோட்டைக்கு ஏது நுழைவுக் கட்டணம்? போர்த்துக்கீசியர் தொடங்கி டச்சுக்காரர்கள் பெரிதாக்கிய கோட்டை அது. உள்ளே வீடு, பள்ளிக்கூடம், கோர்ட் எல்லாம் நடக்கிறது, யார் வேண்டுமானாலும் போகலாம் வரலாம். இல்லாத வாசலுக்கு டிக்கெட் போட்டு விற்றிருக்கிறான்.

காலியை நாங்கள் பார்க்கவும் இல்லை. மலை ரயிலும் இல்லை. முன்பதிவு ஒரு மாதத்துக்கு முன்பே திறந்து சீக்கிரம் தீர்ந்துவிடுமாம், எங்களுக்கு யாரும் போடவே இல்லை. கையிலிருந்த காசில் நுவரெலியாவை எட்டிப் பார்த்துவிட்டுக் கொழும்பு வந்து விமானம் ஏறினோம். அப்படிச் செலவானது தனி. 1,85,000-இல் அதைச் சேர்க்கவில்லை.

இனி அவன் சொன்ன பதில்களைக் கேளுங்கள். முதலில் "ஹோட்டல்காரன் ஓவர் புக்கிங், எங்க தப்பு இல்ல". பிறகு "ஏழு வேலை நாள்ல ரீஃபண்ட்". ஏழு நாள் கழிந்ததும் "அக்கவுன்ட்ஸ் டீம்ல இருக்கு". அப்புறம் அக்கவுன்ட்ஸ் பெண் லீவாம். அப்புறம் "கொழும்பு பார்ட்னர் கொடுத்தாத்தான் நாங்க கொடுக்க முடியும்". அதற்கும் மசியாததால் ஒரு சலுகை: "பாதியை அடுத்த டூர்ல கழிச்சுக்கலாம் சார், பாலி பேக்கேஜ் சூப்பரா இருக்கு." இதைச் சொல்ல என்ன தைரியம்! கமென்ட்டில் எழுதினேன், நீக்கினார்கள். "நெகட்டிவா போட்டா ரீஃபண்ட் கேன்சல் ஆகிடும்" என்று குரல் பதிவு அனுப்பினான். அதைப் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

வங்கிக்குப் போனால், "நீங்களே பின் போட்டு அனுப்பினது சார், நாங்க என்ன பண்ண முடியும்?" என்கிறார்கள். காவல் நிலையத்தில், "டூர் போயிட்டு வந்துட்டீங்கல்ல, இது சிவில் மேட்டர்" என்றார் ஒருவர். போயிட்டு வந்தோமாம்.

ஒன்று சொல்லிவிடுகிறேன், இலங்கையைத் திட்டி யாரும் கமென்ட் போடாதீர்கள். அந்த ஊர்க்காரர்கள் எங்களுக்குச் சோறு போட்டார்கள். ஏமாற்றியது நம்ம ஊரில் உட்கார்ந்திருக்கிறவன்.

என்னென்ன கவனிக்க வேண்டும் என்று விரிவாக எழுதத்தான் நினைத்தேன், இப்போது பொறுமை இல்லை. சுருக்கமாக:

தனி ஆளின் கணக்குக்குப் பணம் அனுப்பாதீர்கள். கிரெடிட் கார்டில் கட்டுங்கள், சர்ச்சை எழுப்பிக் கேட்க வழியாவது இருக்கும். ஹோட்டலுக்குப் போன் போட்டால் 'ரூம் இருக்கிறதா' என்று கேட்காதீர்கள், 'பணம் கட்டியாகிவிட்டதா, ரத்து செய்ய முடியுமா' என்று கேளுங்கள். வெளிநாட்டு டூர் விற்கிறவர் டிசிஎஸ் பிடிக்க உங்கள் பான் எண்ணைக் கேட்டே ஆக வேண்டும். எங்களிடம் கேட்கவே இல்லை. நுழைவுச் சீட்டை நீங்களே, பாஸ்போர்ட்டோடு கவுன்டரில் வாங்குங்கள். கைடு என்றால் இலங்கை சுற்றுலா அபிவிருத்தி அதிகாரசபை கொடுத்த அட்டையைக் காட்டச் சொல்லுங்கள். அங்கே சிக்கிக்கொண்டால் சுற்றுலாப் பயணிகளுக்கான 1912 எண் இருக்கிறது.

பெயர் கேட்டு ஏற்கெனவே நிறையப் பேர் மெசேஜ் அனுப்பிவிட்டீர்கள். சைபர் குற்றப் புகார் எண் 1930-இலும் நுகர்வோர் உதவி எண் 1915-இலும் புகார் பதிந்திருக்கிறேன். அது முடியும்வரை பெயரைப் பொதுவில் போட வேண்டாம் என்று வக்கீல் சொல்கிறார். 'காலி கோட்டை நுழைவுக் கட்டணம்' என்று உங்கள் பேக்கேஜ் தாளிலும் ஒரு வரி இருந்தால், அந்தத் தாளின் படத்தையும் பணம் அனுப்பிய ரசீதையும் எனக்கு இன்பாக்ஸில் அனுப்புங்கள். புகாரோடு சேர்க்கிறேன். பள்ளி விடுமுறைக்கு அவன் புது விளம்பரம் ஓட்டத் தொடங்கிவிட்டான், அதனால் இந்த வாரமே அனுப்பிவிடுங்கள்.