மீட்டரா, லேபா? பழைய எரிபொருள் டேங்க் குழியில் எதை நம்புவது

டேங்கைத் தூக்கியாயிற்று. அடித்தகட்டில் துரு தின்ற ஓட்டைகள், குழியில் லேசான வாடை, மண்ணிலிருந்து எழும் ஆவியை அளக்கும் கைமீட்டரில் எண் 30. மேலே நிற்கும் இடத்துக்காரர் கேட்கிறார்: "மீட்டர் 30தானே காட்டியது, மூடிவிடலாம் இல்லையா?" அமெரிக்காவில் இந்த வேலையில் இருப்பவர்கள் காதில் மாதம் ஒரு முறையாவது விழும் கேள்வி. பதில் சொல்லும் முன் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: டேங்கில் இருந்தது பெட்ரோலா, டீசலா?

நிலத்தடி டேங்குகளுக்காக 1984-இல் அங்கே நாடாளுமன்றம் சட்டம் போட்டு, 1988-இல் விதிகள் வந்தன. துருப்பிடிக்கும் பழைய இரும்பு டேங்குகளை மேம்படுத்த வேண்டும், இல்லையேல் மூட வேண்டும் என்பதற்கு 1998 டிசம்பர் 22 கெடு. நிரந்தரமாக மூடுவதற்கு முன் கசிவு இருந்ததா என்று பார்த்தே ஆக வேண்டும். எப்படிப் பார்ப்பது என்பதில்தான் இரண்டு கட்சி.

முதல் கட்சி, களத்தில் எல்லோரும் பிஐடி என்று சொல்லும் கைமீட்டர். உள்ளே ஒரு புற ஊதா விளக்கு, பெரும்பாலும் 10.6 எலக்ட்ரான் வோல்ட். அந்த ஆற்றலுக்குள் அயனியாகும் ஆவியை மட்டுமே மீட்டர் எண்ணும். பெட்ரோலில் உள்ள பென்சீன் 9.24-இலேயே அயனியாகிவிடும் என்பதால் மீட்டருக்குத் தெரியும். மீத்தேனுக்கு 12.6 வேண்டும், அதனால் சதுப்பு மண்ணின் மீத்தேன் எண்ணை ஏற்றிக் காட்டாது. ஜிப்லாக் பையில் பாதி அளவு மண்ணைப் போட்டு மூடி, வெளியிலிருந்தே விரலால் கட்டிகளை நசுக்கி, பத்து நிமிடம் சும்மா விட வேண்டும். பிறகு பையின் ஓரத்தில் மீட்டர் முனையைக் குத்தினால் எண் விறுவிறுவென ஏறும். அது தொடும் உச்சத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும். ஒரு மாதிரிக்குப் பையின் விலைதான் செலவு. ஒரே நாளில் நாற்பது இடம் பார்த்துவிடலாம்.

ஆனால் அந்த எண் பையிலுள்ள காற்றின் கணக்கு. மண்ணில் கிலோவுக்கு இத்தனை மில்லிகிராம் என்பதோடு அதற்கு நேர் உறவே கிடையாது. இரண்டையும் பிபிஎம் (பத்து லட்சத்தில் இத்தனை பங்கு) என்றே எழுதுவதால் அறிக்கைகளில் இந்தக் குழப்பம் தீராத நோயாக இருக்கிறது. மீட்டரை ஐசோபியூட்டிலீன் வாயுவை வைத்துத்தான் சரிபார்ப்பார்கள், அதனால் பென்சீனைச் சுமார் இரண்டு மடங்காகக் காட்டும். ஈரக்காற்றில் எண் இறங்கும். குளிர்காலத்தில் பையைச் சூடேற்றாமல் பார்த்தால் நல்ல அழுக்கு மண்கூடச் சமர்த்தாக உட்கார்ந்திருக்கும்.

டீசல் என்றால் மீட்டரின் பேச்சை நான் கேட்பதில்லை. டீசலின் பெரும்பகுதி 180 டிகிரிக்கு மேல்தான் கொதிக்கும், அப்படிப்பட்ட சரக்கிலிருந்து பைக்குள் எவ்வளவு ஆவி எழும்பும்? பெட்ரோல் குழியில் 30 என்றால் ஓரளவு நிம்மதி. டீசல் குழியில் அதே 30 என்றால், மண்ணை எண்ணெயில் பிசைந்து வைத்திருந்தாலும் ஆச்சரியமில்லை. வீட்டைச் சூடாக்கும் எண்ணெய் டேங்குகளுக்கும் இதே கதைதான். இங்கே பத்து ரூபாய் வேலை மீட்டரை விட உருப்படியாக உதவும்: மண், தண்ணீர், எண்ணெயில் மட்டும் கரையும் ஒரு சிட்டிகை சிவப்புச் சாயம், மூன்றையும் சின்னப் பாட்டிலில் குலுக்க வேண்டும். எண்ணெய் தனியாக இருக்கிறது என்றால் சிவப்புத் துளிகள் மேலே வரும். குறைந்த அளவை இது பிடிக்காது, ஆனால் பொய் சொல்லாது. குழித்தண்ணீரில் வானவில் படலம் கண்டால் குச்சியால் கலைத்துப் பாருங்கள். தட்டுத் தட்டாக உடைந்தால் இரும்புப் பாக்டீரியா, சுழன்று மறுபடி ஒட்டிக்கொண்டால் எண்ணெய்.

லேபுக்குப் போனால் எல்லாம் தெளிந்துவிடும் என்பது இரண்டாம் கட்சி. டீசலில் பெரும்பாலும் அது உண்மை. எண்ணெயைக் கூறு கூறாகப் பிரிக்கும் லேப் கருவி வரைந்து தரும் கோட்டில் புது டீசல் சீப்புப் பற்கள் போல் ஒரே சீராக நிற்கும். பல வருடம் மண்ணில் கிடந்தால் நுண்ணுயிர்கள் அந்தப் பற்களைத் தின்றுவிட, ஒரு மேடும், அவற்றால் எளிதில் தின்ன முடியாத பிரிஸ்டேன், ஃபைட்டேன் என்ற இரண்டு சேர்மங்களின் கூர்முனைகளும் மிஞ்சும். கசிவு புதியதா பழையதா என்ற சண்டையில் இந்தப் படத்துக்கு இருக்கும் மரியாதை எந்த எண்ணுக்கும் கிடையாது. ஒரு எச்சரிக்கை: மக்கிய இலையும் கரிமண்ணும் நிறைந்த இடத்தில் அவையே டீசல் கணக்கில் ஏறிவிடும். சிலிக்கா ஜெல் வழியாக வடித்துத் தரச் சொன்னால் கலப்பு பெரும்பாலும் விலகும்.

பெட்ரோல் என்றால் ஏமாற்றுவது பாட்டில். ஒரு குழியில் வாடையில் எனக்குத் தலைவலியே வந்தது. மாதிரி எடுத்தவர் கரண்டியால் அள்ளி, அகலவாய்ப் பாட்டிலில் போட்டு, மரையில் மணல் சிக்கிய மூடியை எப்படியோ திருகி மூடினார். மதியம்வரை அது வண்டிக்குள் கிடந்தது. லேப் அறிக்கையில் பென்சீன் 'இல்லை'. லேப் செய்தது சரிதான், வந்து சேரும்போது அதில் ஒன்றும் மிஞ்சியிருக்கவில்லை. இதற்காகத்தான் 1997-இல் அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமை 5035 என்ற முறையைக் கொண்டுவந்தது. முனை வெட்டிய சிரிஞ்சால் சுமார் 5 கிராம் மண்ணைக் கலையாமல் எடுத்து நேரே மெத்தனால் குப்பிக்குள் தள்ள வேண்டும். அல்லது என்கோர் என்ற காற்றுப்புகாத உருளையில் அடைத்து, ஐஸ் பெட்டியில் வைத்து அனுப்ப வேண்டும், 48 மணி நேரத்துக்குள் லேப் அதைப் பதப்படுத்தவோ சோதிக்கவோ வேண்டும். மெத்தனால் குப்பியை லேபில் முன்பே எடைபோட்டு அனுப்புவார்கள். ஆர்வக்கோளாறில் நாமாக இன்னொரு லேபிள் ஒட்டினால் மண்ணின் எடையே தப்பாகிவிடும்.

தரைக்குள் கம்பியை இறக்கி இறக்கிப் பார்க்கும் கருவிகளும் உண்டு. லேசர் ஒளிர்வுக் கருவி டீசல் படிந்த அடுக்கை அடி அடியாகக் காட்டும், தண்ணீரில் கரைந்த பென்சீனைப் பார்க்காது. சூடான சவ்வு வைத்த கருவிக்குப் பெட்ரோல் ஆவிதான் கைவந்த சரக்கு. சின்ன பங்க் ஒன்றுக்கு வண்டி வாடகையே கட்டாது.

மீட்டரும் லேபும் சேர்ந்தே கோட்டை விடும் இடமும் ஒன்று உண்டு. முன்பு பெட்ரோலில் கலந்த எம்டிபிஇ என்ற சேர்க்கைப் பொருள் மண்ணில் ஒட்டாது, தண்ணீரோடு ஓடிவிடும். 1996-இல் கலிபோர்னியாவின் சாண்டா மோனிகா நகரம் இதனால் தன் குடிநீர்க் கிணறுகளில் பலவற்றை மூடியது. கசிவுக்குக் காரணம் நிலத்தடி டேங்குகளும் குழாய்களும். அந்தக் காலத்து பங்க் என்றால் மண் சுத்தமாக வந்தாலும் தண்ணீர் மாதிரி எடுக்காமல் வேலையை முடிக்காதீர்கள்.

ஆறு மாதிரிக்குத்தான் லேப் காசு இருக்கிறது என்றால் நான் இப்படிப் பிரிப்பேன்: டேங்கின் இரு முனைகளுக்கு அடியில் இரண்டு, எரிபொருள் ஊற்றும் வாய்க்குக் கீழே ஒன்று, குழாய் முழங்கை திரும்பும் இடத்தில் ஒன்று, பம்ப் நின்ற இடத்தில் ஒன்று. ஆறாவதைக் களச் சோதனைக்கு விட்டுவிடுவேன். பெட்ரோல் என்றால் மீட்டரில் உச்ச எண் வந்த பையின் மண்ணை எடுத்த இடத்துக்குப் பக்கத்து மண். டீசல் என்றால் சிவப்புத் துளி வந்த இடம்.